கிலோம்புக்குத் தமிழில் என்ன சொல்லலாம்? (அவசரம்: வெள்ளிக்கிழமை அச்சு)

சு. | திங்கள் இரவு

குழுவினருக்கு வணக்கம்.

நவம்பர் 20ஆம் தேதிக்காக எங்கள் பள்ளி நூலகத்தில் வைக்கப் பன்னிரண்டு தட்டிகள் எழுதிக்கொண்டிருக்கிறேன். 1695இல் அந்த நாளில்தான் பிரேசிலில் சும்பி கொல்லப்பட்டார். இன்று அங்கே அது கறுப்பின விழிப்புணர்வு நாள், விடுமுறையும் கூட.

மூன்று சொற்களில் சிக்கி நிற்கிறேன். முதலாவது கிலோம்பு. கரும்புத் தோட்டங்களை விட்டு வெளியேறிய ஆப்பிரிக்கர்கள் காட்டுக்குள் அமைத்துக்கொண்ட குடியிருப்பு அது. சும்பி தலைமை தாங்கிய பால்மரேஸ் அவற்றுள் பெரியது. இன்றைய அலகோவாஸ் மாநிலத்தின் பாரிகா மலையில் இருந்தது, 1694இல் வீழ்ந்தது. இரண்டாவது ரோடா: கப்போயிரா (நடனமும் சண்டையும் கலந்த பிரேசில் ஆட்டம்) ஆடும்போது சுற்றி நின்று பாடிக் கைதட்டுகிறவர்களின் வளையம். மூன்றாவது ஜிங்கா: ஆடுகிறவர் ஒரு கணமும் நிலைகொள்ளாமல் முன்னும் பின்னும் ஊசலாடுகிற அடிப்படை அசைவு.

முதலாவதற்கு 'தப்பியோடிய அடிமைகளின் குடியிருப்பு' என்று எழுதி வைத்திருந்தேன். ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி படித்துவிட்டு, "டீச்சர், தப்பியோடியவர் என்றால் போலீஸ் தேடுகிறவர்தானே?" என்றாள். அதற்குப் பிறகு பேனா நகரவில்லை.

வை. | செவ்வாய் காலை

அம்மா, அந்தப் பிள்ளை கேட்டது நியாயம். தப்புதல் என்றால் பிழைத்தல், தப்பு என்றால் பிழை. சொல்லுக்குள்ளேயே குற்றச்சாட்டு இருக்கிறது. 'ஓடிப்போன' என்று மாற்றினால் இன்னும் மோசம், ஓடுகாலி என்பதுவரை இழுத்துக்கொண்டு போய்விடும். இவையெல்லாம் தோட்ட முதலாளி ஒட்டிய அறிவிப்பின் மொழி. நாம் ஏன் அவனுக்கு எழுத்தர் வேலை பார்க்க வேண்டும்?

என் பரிந்துரை: காட்டரண். 'மணிநீரும் மண்ணும் மலையும் அணிநிழற் காடும் உடைய தரண்' (குறள் 742). பால்மரேஸில் மலை உண்டு, காடு உண்டு, மரவேலி உண்டு. டச்சுக்காரர் படையனுப்பிப் பார்த்தனர், போர்த்துகீசியர் திரும்பத் திரும்ப அனுப்பினர். வள்ளுவர் சொன்ன இலக்கணம் அப்படியே பொருந்துகிறது.

நா. | செவ்வாய் மதியம்

ஐயா, குறள் பொருந்துகிறது, சொல் பொருந்தவில்லை. அரண் அரசனுடையது, அதிகாரம் பொருட்பாலில் இருக்கிறது. கிலோம்புகளில் மக்காச்சோளமும் மரவள்ளியும் பயிரிட்டார்கள், அக்கம்பக்கத்தாரோடு பண்டமாற்றுச் செய்தார்கள்.

அதைவிட முக்கியம், கிலோம்பு முடிந்த கதை அன்று. 1988 அரசியலமைப்பு அந்த வழித்தோன்றல்களின் நிலவுரிமையை ஏற்றது. 2022 கணக்கெடுப்பில்தான் முதல்முறையாக அவர்களைத் தனியே எண்ணினார்கள்: 13 லட்சத்துக்கும் மேல். பட்டாவுக்காக அலுவலக வாசலில் காத்திருக்கும் ஒரு பாட்டியைக் 'காட்டரணார்' என்று அழைப்பீர்களா? நான் விடுகுடி என்பேன். வினைத்தொகை; விட்ட, விடுகின்ற, விடும் குடி என முக்காலத்துக்கும் நிற்கும்.

வை. | செவ்வாய் மாலை

விடு குடி! தட்டியைப் பார்க்கிறவர்கள் மதுவிலக்குப் பிரசாரம் என்று நினைத்துக்கொள்வார்கள், தம்பி.

தி. | செவ்வாய் நள்ளிரவு

இளையவர்கள் வேரைப் பார்க்காமல் கிளையில் சண்டை போடுகிறீர்கள். கப்போயிரா என்பதற்கு ஒரு விளக்கம் பிரேசில் பழங்குடியினரின் துப்பி மொழியிலிருந்து: 'கஆ' காடு, 'புவேர' முன்பு இருந்தது. அதாவது முன்பு காடாக இருந்து, வெட்டப்பட்டு, மறுபடி புதராகத் தழைத்த இடம். தமிழில் கா என்றால் என்ன? சோலை! இதைத் தற்செயல் என்று யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம். கிலோம்பு? ளகரம் லகரமாகத் திரிவது நாம் அறியாததா? கிளம்பு. தோட்டத்தை விட்டுக் கிளம்பியவர்கள். விரிவாக எட்டுப் பக்கம் எழுதியிருக்கிறேன், இணைப்பில் காண்க.

நா. | புதன் காலை

எட்டுப் பக்கமும் படித்தேன் ஐயா. கிலோம்பு அங்கோலாவின் கிம்புந்து மொழிச் சொல், போர்ப் பாசறை என்று பொருள். அதில் 'கி' பெயர்ச்சொல்லின் முன்னொட்டு. அதைக் கழித்தால் உங்கள் கையில் 'ளம்பு' மட்டும் மிஞ்சும். கப்போயிராவுக்குத் துப்பி வேர் ஒரு கருத்துதான். அதே வடிவம் போர்த்துகீசியத்தில் கோழிக்கூட்டையும் குறிக்கும். கா கிடைத்த மகிழ்ச்சியில் கோழியை மறந்துவிட வேண்டாம்.

மே. | புதன் மதியம்

டொராண்டோவிலிருந்து வணக்கம். வெட்டியபின் தழைத்த புதருக்கு எங்கள் ஊரில் பற்றைக்காடு என்போம். (முதைப்புனம் என்று யாராவது தொடங்குமுன் சொல்லிவிடுகிறேன்: அது உழுது பழகிய பழங்கொல்லை, இது வேறு.)

நான் எழுத வந்தது வேறொன்று. டீச்சர் அனுப்பிய முதல் தட்டியின் தலைப்பு 'புலம்பெயர்ந்த ஆப்பிரிக்கர்'. பட்டினப்பாலையில் புலம்பெயர் மாக்கள் எப்படி வருகிறார்கள்? 'கலந்து இனிது உறையும்' என்று. வணிகத்துக்கு வந்தவர்கள், விரும்பினால் திரும்பிப் போகலாம். எங்களையும் புலம்பெயர்ந்தோர் என்கிறோம். போருக்கு அஞ்சி வந்தோம், ஆனாலும் காலில் விலங்கோடு யாரும் எங்களைக் கப்பலில் அடுக்கவில்லை. பிரேசிலில் மட்டும் ஏறத்தாழ 48 லட்சம் பேர் அப்படி இறக்கப்பட்டார்கள். அவர்கள் புலம் பெயர்ந்தவர்கள் அல்லர், பெயர்க்கப்பட்டவர்கள். செயப்பாட்டுவினை தமிழுக்கு அழகில்லை என்று இங்கே அடிக்கடி சொல்வீர்கள். இந்த ஓரிடத்தில் அது வேண்டும்.

வை. | புதன் மாலை

ஏற்கிறேன். 'பெயர்க்கப்பட்ட' என்றே போடுங்கள் அம்மா.

ரோடாவுக்கு ஆடுகளம் போதும். கப்போயிராவை அங்கே 'ஆடுகிறேன்' என்றுதான் சொல்கிறார்கள், 'சண்டையிடுகிறேன்' என்பதில்லை. அது நடனமா, விளையாட்டா, போரா என்று ஊரார் குழம்புகிறார்கள். நமக்கு அந்தக் குழப்பமே இல்லை. ஆடுவது நடனம், ஆடுவது விளையாட்டு. 'ஆடுகொள் வென்றி' என்று புறநானூறு (67) பாடும்போது ஆடு வெற்றி. ஒரே சொல் மூன்றையும் சுமக்கிறது. 1890 தண்டனைச் சட்டத்தின் 402ஆம் பிரிவு இதைத் தெருவில் ஆடினாலே இரண்டு முதல் ஆறு மாதம் சிறை என்றது. அடிமைமுறை ஒழிந்து இரண்டே ஆண்டில்! குதிரைப்படை வருவதைப் பெரிம்பாவ் என்னும் ஒற்றைத் தந்தி இசைவில்லில் ஒரு தனித் தாளமாகத் தட்டி அறிவிப்பார்களாம். 'கவலாரியா' என்று அந்தத் தாளத்துக்கு இன்றும் பெயர். கப்போயிரா ஆசான் மெஸ்த்ரே பிம்பா சால்வடோரில் 1932இல் பள்ளி திறந்த பிறகுதான் ஆட்டம் கூரைக்குள் வந்தது.

ஆனால் காட்டரணை விடமாட்டேன்.

நா. | வியாழன் காலை

விடுகுடியை நான் திரும்பப் பெறுகிறேன். கிலோம்பு என்றே விடுங்கள். இலக்கணப்படி தடையில்லை: கிரந்த எழுத்து இல்லை; இரும்பு, எறும்பு போல மென்தொடர்க் குற்றியலுகரம். கரும்பை விட்டுக் கிலோம்புக்கு, எதுகைகூட அமைகிறது.

வை. | வியாழன் காலை

அது எதுகை அன்று, இயைபு. மேலும், எல்லாவற்றையும் அப்படியே எடுத்துக்கொள்வதானால் இந்தக் குழு எதற்கு?

நா. | வியாழன் மதியம்

இயைபுதான், மன்னிக்கவும். குழு எதற்கு என்றால், எதை மொழிபெயர்க்கக் கூடாது என்று தெரிந்துகொள்ளவும்தான். கப்பலேறியவர்களுக்கு ஞானஸ்நானம் செய்து பெயரை மாற்றினார்கள், மொழியை மறக்கடித்தார்கள். இந்தச் சொல்லை மட்டும் துரத்தி வந்த அரசே தன் ஆவணத்தில் அவர்கள் மொழியிலேயே எழுத வேண்டியதாயிற்று. தமிழ் செய்கிறேன் என்று நாம் அதையும் எடுத்துவிட வேண்டுமா?

(பால்மரேஸ் காலத்து ஆவணங்களில் 'மொகாம்பு' என்ற சொல்லே மிகுதி. அதுவும் கிம்புந்துதான். தி. ஐயா தயவுசெய்து இதை 'முகாம்' என்று தொடங்க வேண்டாம்.)

மே. | வியாழன் மாலை

நா. சொல்வதற்கே என் வாக்கு. விளக்கம் தேவைப்படும் இடத்தில் 'ஊர்' என்று எழுதுங்கள். குடியிருப்பு என்றால் அரசு கட்டிக்கொடுத்த வீடுகள் போல இருக்கிறது.

சு. | வியாழன் நள்ளிரவு

எல்லாருக்கும் நன்றி. காலையில் அச்சகத்துக்குப் போகிறது. முதல் இடத்தில் 'கிலோம்பு: தளையை உதறியவர்கள் காட்டுக்குள் கட்டிக்கொண்ட ஊர்', பிறகு எங்கும் வெறும் கிலோம்பு. ரோடாவுக்கு ஆடுகளம். தலைப்பில் 'பெயர்க்கப்பட்ட'. குறள் 742ஐப் பால்மரேஸ் படத்துக்குக் கீழே போட்டுவிட்டேன் ஐயா, கோபம் வேண்டாம்.

ஒன்பதாம் தட்டியில் ஜிங்கா இன்னும் வெற்றிடமாகவே இருக்கிறது. அதைப் பற்றி ஒருவரும் ஒரு வரிகூட எழுதவில்லை. 'சுவடு' என்று போட்டால் சிலம்பக்காரர்கள் ஒப்புக்கொள்வார்களா? காலை ஏழு மணிக்குள் சொல்லவும்.

வை. | வெள்ளி காலை 6:40

குறளுக்கு நன்றி. காட்டரண் குறித்த என் மாற்றுக் கருத்து பதிவில் இருக்கட்டும். சுவடு கால் வைக்கும் முறையைத்தான் சொல்லும்; இது உடல் முழுவதும் ஆடுவது. 'ஜி'யில் தொடங்கும் சொல்லுக்கு நான் உடன்படமாட்டேன்.

தி. | வெள்ளி காலை 6:52

அங்கோலாவின் அரசி ஜிங்காவின் பெயரும் இதே ஒலிதான். பதினேழாம் நூற்றாண்டு, போர்த்துகீசியரை எதிர்த்தவர். இது குறித்து விரிவாக எழுதிக்கொண்டிருக்கிறேன். அச்சைச் சற்று நிறுத்தி வைக்கவும்.