மின்தடைக்குப் பிறகு மடிக்கணினி இயங்கவில்லை: மதர்போர்டை மாற்றத்தான் வேண்டுமா?

ரங்கூன் ஆசிரியை:

அனைவருக்கும் வணக்கம். ஞாயிறுதோறும் எங்கள் கோயிலில் நடக்கும் தமிழ் வகுப்புக்கு நான் பயன்படுத்தும் மடிக்கணினி சென்ற வாரம் முதல் இயங்கவில்லை. சார்ஜரைச் செருகி வேலை செய்துகொண்டிருந்தபோது மின்சாரம் நின்றது. கட்டடத்தின் ஜெனரேட்டர் ஓடத் தொடங்கியதும் திரை அணைந்துவிட்டது. இப்போது பொத்தானை அழுத்தினால் விளக்கு எரிகிறது, உள்ளே விசிறி சில நொடிகள் சுற்றுகிறது, ஆனால் திரையில் எதுவும் தெரிவதில்லை. சற்று நேரத்தில் அந்த விளக்கு நிறம் மாறி மாறிச் சிமிட்டுகிறது. கடையில் காட்டியபோது, திறந்துகூடப் பார்க்காமல் மதர்போர்டு (உள்ளே எல்லா உறுப்புகளும் இணையும் முதன்மைப் பலகை) போய்விட்டது என்றார்கள். அவர்கள் கேட்கும் தொகைக்குப் பழைய மடிக்கணினி ஒன்றையே வாங்கிவிடலாம். பாடக் குறிப்புகளும், கோயிலில் உள்ள பழைய தமிழ்ப் புத்தகங்களைப் படியெடுத்து வைத்த கோப்புகளும் அதில்தான் இருக்கின்றன. நானே செய்து பார்க்கக்கூடியது ஏதேனும் உண்டா?

பெகு மின்பணியாளர்:

வணக்கம் டீச்சர். விளக்கு எரிந்து விசிறியும் சுற்றுகிறது என்றால் மின்சாரம் உள்ளே போகிறது என்பது தெளிவு. மதர்போர்டு முழுவதும் எரிந்திருந்தால் பெரும்பாலும் அந்த அளவுக்குக்கூட அது உயிர் காட்டாது. ஆகவே கடைக்காரர் சொன்னதை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள்.

முதலில் சார்ஜரைக் கழற்றுங்கள். பேட்டரி வெளியே எடுக்கக்கூடியதாக இருந்தால் அதையும் எடுத்துவிட்டு, பொத்தானை அரை நிமிடம் விடாமல் அழுத்திப் பிடியுங்கள். உள்ளே தங்கிய மிச்ச மின்சாரம் இப்படி வடிந்துவிடும். பிறகு பேட்டரி இல்லாமல் சார்ஜரை மட்டும் செருகிப் பாருங்கள். பேட்டரி உப்பியிருந்தால் மட்டும் அதை அழுத்தவோ நெம்பவோ வேண்டாம், தீப்பிடிக்கும்.

அதிலும் சரியாகாவிட்டால் எச்டிஎம்ஐ கம்பி வழியாக வகுப்பிலுள்ள தொலைக்காட்சியில் இணைத்துப் பாருங்கள். அங்கே படம் வந்தால் பழுது திரையில். அங்கும் வராவிட்டால் கேப்ஸ் லாக் விசையைத் தட்டுங்கள். அதன் விளக்கு எரிந்து அணைந்தால் இயந்திரம் உள்ளே ஓரளவு ஓடுகிறது என்று கொள்ளலாம். எல்லாவற்றையும்விட, அந்தச் சிமிட்டலை எண்ணி எழுதுங்கள். அலங்காரத்துக்கு வைத்த விளக்கு அல்ல அது; எந்த உறுப்பு பதில் சொல்லவில்லை என்பதைத்தான் தெரிவிக்கிறது. எடுத்துக்காட்டாக, டெல் மாதிரிகள் பலவற்றில் ஆரஞ்சு 2, வெள்ளை 3 என்றால் ரேம் (இயங்கும்போது கணினி பயன்படுத்தும் நினைவகம்) கண்டறியப்படவில்லை என்று பொருள். நிறுவனத்துக்கு நிறுவனம் இது மாறும் என்பதால் உங்கள் மாதிரிக்கான கையேட்டை இணையத்தில் தேடிப் பொருத்திப் பார்க்க வேண்டும்.

மாண்டலே வாசகர்:

ஐயா சொன்ன வரிசையே சரி. கோப்புகளைப் பற்றி மட்டும் ஒன்று சேர்க்கிறேன், ஏனென்றால் பலர் இதில்தான் ஏமாறுகிறார்கள். எஸ்எஸ்டி, அதாவது கோப்புகள் சேமிக்கப்படும் வட்டு, தனியாகக் கழற்றக்கூடியதாக இருந்தால், அதை எடுத்து வெளிப்பெட்டியில் பொருத்தி வேறொரு கணினியின் யுஎஸ்பியில் இணைத்துக் கோப்புகளை நகலெடுக்கலாம். ஆனால் விண்டோஸ் 11-இல் மைக்ரோசாஃப்ட் கணக்கின் மூலம் நுழைந்திருந்தால், நீங்கள் கேட்காமலேயே வட்டு பூட்டப்பட்டிருக்கக்கூடும். அப்போது 48 இலக்க மீட்புச் சாவி இல்லாமல் எதையும் படிக்க முடியாது. மதர்போர்டை மாற்றினாலும் இதே சாவியைக் கேட்கும். கடைக்காரர் அதற்கு வழி தெரியாமல் வட்டையே அழித்து விண்டோஸைப் புதிதாக நிறுவிக் கொடுத்துவிடுவார். ஆகவே கைப்பேசியிலிருந்து உங்கள் கணக்கில் நுழைந்து, அந்தச் சாவி அங்கே இருக்கிறதா என்று இன்றே பார்த்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ரங்கூன் ஆசிரியை:

இருவருக்கும் நன்றி. சாவி கணக்கில் இருந்தது, எழுதிக்கொண்டேன். தொலைக்காட்சியிலும் படம் வரவில்லை. சிமிட்டலை எண்ணிக் கையேட்டில் தேடியபோது நினைவகப் பழுது என்றே காட்டுகிறது. அடிமூடியைத் திறக்க எனக்குத் தயக்கமாக இருக்கிறது. வகுப்புக்கு வரும் தம்பி ஒருவர் உதவுவதாகச் சொல்கிறார். அவரிடம் என்ன சொல்ல வேண்டும்?

பெகு மின்பணியாளர்:

தம்பி முதலில் செய்ய வேண்டியது, மூடியைத் திறந்தவுடன் பேட்டரியின் இணைப்பைக் கழற்றுவது. மின்சாரம் இருக்கும்போது ரேமைத் தொடக் கூடாது. சில மெல்லிய மாதிரிகளில் ரேம் மதர்போர்டோடு பற்றவைக்கப்பட்டிருக்கும், அப்படியானால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். தனித் துண்டாக இருந்தால், இருபுறக் கொக்கிகளையும் விலக்க அது தானே மேலெழும். நம் ஊர் மழைக்கால ஈரத்தில் அதன் பொன்னிற முனைகளில் மங்கல் படிவதுண்டு. ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் மெதுவாகத் துடைத்து, நன்றாகக் காய்ந்த பின் ஒரே ஒரு துண்டை மட்டும் செருகி இயக்கட்டும். இரண்டு துண்டுகள் இருந்தால் ஒவ்வொன்றையும் ஒவ்வொரு துளையிலும் மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் கெட்டது துண்டா துளையா என்று தெரியாது. ரேமை மாற்றிய பின் முதல் முறை திரை ஒன்றிரண்டு நிமிடம் இருட்டாகவே இருக்கலாம். பொறுமையிழந்து பொத்தானை மறுபடி அழுத்தி அணைத்துவிட வேண்டாம்.

ரங்கூன் ஆசிரியை:

இயங்கிவிட்டது, ஐயா. ஒரு துண்டு எந்தத் துளையில் வைத்தாலும் அதே சிமிட்டலைத்தான் தருகிறது, மற்றொன்று இரண்டிலும் வேலை செய்கிறது. இப்போது பாதி நினைவகத்தில் மெதுவாக ஓடுகிறது, கோப்புகளையெல்லாம் வெளிவட்டுக்கு நகலெடுத்துவிட்டேன். ஜெனரேட்டர் ஓடும்போது இனி சார்ஜரைச் செருகலாமா?

பெகு மின்பணியாளர்:

சார்ஜரின் மேல் உள்ளீடு 100–240 வோல்ட் என்று அச்சிட்டிருக்கும், ஆகவே மின்னழுத்தம் சற்றுக் குறைவதால் கெடுதல் இல்லை. ஜெனரேட்டர் ஏறும் நொடியிலும் மின்சாரம் திரும்பி வரும் நொடியிலும் பாயும் திடீர் உயர்வுதான் ஆபத்து. மின்சாரம் நின்றவுடன் சார்ஜரைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டு, வந்த பின் ஐந்து நிமிடம் கழித்துச் செருகுங்கள். புதிய ரேம் வாங்கும்போது பழைய துண்டைக் கையோடு கொண்டுபோய், டிடிஆர்4 அல்லது டிடிஆர்5 என்று அதில் எழுதியிருப்பதைக் காட்டி அதே வகையை வாங்குங்கள். ஒன்றுக்காக வாங்கியது மற்றொன்றின் துளையில் பொருந்தாது.