கோழியைக் கொல்கிறான், இப்போது ஆட்டையும் துரத்துகிறான். மணியை என்ன செய்வது?

கொட்டில்வீடு:
வணக்கம். எங்களிடம் 2 வயது ஆண் நாய் ஒன்று இருக்கிறது, பெயர் மணி. கலப்பு இனம்தான். நீண்ட கால், ஒட்டிய வயிறு, ஓட ஆரம்பித்தால் கண் பின்தொடர முடியாது. 8 மாதத்துக்கு முன் ஒருவர் வளர்க்க முடியவில்லை என்று கொடுத்தார். அதுவரை கோழி, ஆடு எதையும் அவன் பார்த்ததே இல்லை. மனிதர்களிடம் தங்கம். என் 4 வயது மகள் காதைப் பிடித்து இழுத்தாலும் அப்படியே இருப்பான்.

12 கோழி இருந்தன. இப்போது 9. மூன்றும் ஒரே மாதத்தில் போயின. கடைசியாகப் போன பெட்டை செத்தபோது நான் பத்தடி தூரத்தில்தான் நின்றிருந்தேன். குரைக்கவில்லை, உறுமவில்லை. ஒரே பாய்ச்சல், கவ்வினான், இரண்டு உதறு, முடிந்தது. தின்னவும் இல்லை. கீழே போட்டுவிட்டு என்னைப் பார்த்து வாலை ஆட்டினான். அந்த வாலாட்டல்தான் எனக்கு இன்னும் தூக்கத்தைக் கெடுக்கிறது.

போன வாரம் ஆட்டுப்பட்டிக்குள் புகுந்துவிட்டான். 5 வெள்ளாடு, அதில் ஒன்று சினை. நான் ஓடிப்போய்ப் பிடிப்பதற்குள் சுற்றிச் சுற்றி விரட்டிவிட்டான். ஒரு கிடாக்குட்டியின் பின்தொடையில் பல் பட்டிருக்கிறது. சின்ன ஓட்டைதான், கழுவி மருந்து தடவியிருக்கிறேன்.

இதுவரை செய்து பார்த்தவை: அடித்தேன், ஒப்புக்கொள்கிறேன். வயிறு நிறையச் சாப்பாடு போட்டுப் பார்த்தேன். பார்த்துப் பார்த்துப் பழகட்டும் என்று கோழிக்கூட்டுக்கு எதிரிலேயே பகல் முழுக்கக் கட்டிப்போட்டேன். நாளுக்கு நாள் மோசமாகத்தான் ஆகிறது. யாருக்காவது கொடுத்துவிடு என்கிறார்கள் வீட்டில். வேறு வழி உண்டா?

ஆட்டுப்பால்:
மணி இருக்கட்டும், முதலில் குட்டியைப் பாருங்கள். சின்ன ஓட்டை என்று விட்டுவிடாதீர்கள். நாய்ப்பல் ஊசி மாதிரி நுழையும். ஆடு திமிறும்போதும் நாய் உதறும்போதும் உள்ளே தசை கிழிந்திருக்கும். மேலே ரோமம் எல்லாவற்றையும் மறைத்துவிடும். இன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோய், சுற்றிலும் ரோமத்தைக் கத்தரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். டெட்டனஸ் ஊசி பற்றியும் கேளுங்கள். மணிக்கு ரேபிஸ் தடுப்பூசி கடைசியாக எப்போது போட்டது என்பதையும் அவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

சினை ஆட்டின் மேலும் ஒரு கண் இருக்கட்டும். பல்லே படாவிட்டாலும், ஓடிய அதிர்ச்சியில் சில நாள் கழித்துக்கூடக் குட்டி வீசிவிடும், அதாவது கரு கலைந்துவிடும்.

பழையகட்டை:
செத்த கோழியை நாயின் கழுத்தில் கட்டி, அழுகி விழும்வரை அப்படியே விடுங்கள். அப்புறம் கோழிப் பக்கமே போகாது. இல்லையென்றால் கரண்ட் அடிக்கிற பட்டை கிடைக்கிறது, அதை வாங்கி மாட்டுங்கள். ஒரு அடியில் வழிக்கு வந்துவிடும்.

நாலுகால்:
அண்ணா, கோபித்துக்கொள்ளாதீர்கள், அந்த இரண்டையும் செய்ய வேண்டாம். அழுகின கோழியால் நாய்க்குத் தெரியவருவது கழுத்தில் ஒரு நாற்றம் தொங்குகிறது என்பது மட்டும்தான். நாளைக்கு எதிரில் சிறகடித்து ஓடும் கோழிக்கும் அதற்கும் அவன் கணக்கில் சம்பந்தமே இருக்காது. கரண்ட் பட்டை இன்னும் சிக்கல். ஆட்டைப் பார்த்த நொடியில் வலித்தால், ஆடுதான் கடித்தது என்று நாய் நினைக்கும். சில நாய் பயந்து விலகும், சில நாய் அந்த ஆட்டின் மேலேயே பாயும். உங்கள் நாய் எந்த வகை என்பது பட்டனை அழுத்திய பிறகுதான் தெரியும். வேல்ஸ் நாட்டில் 2010இலேயே இதைத் தடை செய்துவிட்டார்கள்.

கொட்டில்வீடு, உங்கள் பதிவிலேயே பாதி பதில் இருக்கிறது. வேட்டை என்பது ஒரு சங்கிலி: கண்டுபிடிப்பது, உற்றுப் பார்ப்பது, பதுங்குவது, துரத்துவது, கவ்வுவது, கொல்வது, கிழிப்பது, தின்பது. மனிதர்கள் தங்கள் வேலைக்கு ஏற்றபடி இந்தச் சங்கிலியை வெட்டி ஒட்டித்தான் நாய் இனங்களை உருவாக்கினார்கள். பார்டர் கோலிக்கு உற்றுப் பார்ப்பதும் பதுங்குவதும் துரத்துவதும் பெருத்துப்போய், கவ்வுவது அடங்கியிருக்கும். அதனால்தான் அது மந்தை மேய்க்கிறது. எலி போன்றவற்றைப் பிடிக்க வளர்த்த டெரியருக்குக் கவ்வி உதறுவதில்தான் உயிர். மந்தைக்குக் காவல் இருக்கும் இனங்களிடம் இந்தச் சங்கிலி எட்டிப் பார்ப்பதே அரிது. மணி கொல்வது வரை போகிறான், தின்பதற்கு முன் நின்றுவிடுகிறான். அதனால் பசிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மூட்டை அரிசி ஆக்கிப் போட்டாலும் துரத்துவான். உறுமல் இல்லை என்கிறீர்களே, அதுவும் இதனால்தான். கோழி மேல் அவனுக்குக் கோபமே கிடையாது. அந்த வாலாட்டலில் திமிரும் இல்லை, குற்ற உணர்வும் இல்லை.

துரத்துவதுதான் அவனுக்குக் கூலி. பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் ஓடின ஓட்டத்திலேயே கூலி கைக்கு வந்துவிடுகிறது. அதற்குப் பிறகு நீங்கள் அடிக்கும் அடி தாமதமாக வரும் பில். அவன் அதை உங்களோடு சேர்த்துத்தான் நினைவு வைத்துக்கொள்வான், கோழியோடு இல்லை.

ஒரு கேள்வி. மூன்று கோழியும் செத்தது எந்த நேரத்தில்?

கொட்டில்வீடு:
குட்டியைக் காட்டிவிட்டேன். ஆட்டுப்பால் சொன்னது அப்படியே. வெளியே ஒரு ஓட்டை, உள்ளே விரல் நுழையும் அளவுக்குப் பை மாதிரிக் கிழிந்திருந்தது. மருத்துவர் சுத்தம் செய்து ஊசி போட்டிருக்கிறார். நன்றி.

நேரம்... யோசித்துப் பார்த்தால் மூன்றும் சாயங்காலம், கூடு அடையும் நேரம். ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு படபடவென்று ஏறும். அப்புறம், எழுதும்போதுதான் உறைக்கிறது, பகல் முழுக்கக் கட்டியிருந்தவனை நான் அவிழ்த்துவிடுவதும் அதே நேரத்தில்தான்.

நாலுகால்:
பார்த்தீர்களா. 10 மணி நேரம் கண்ணுக்கு முன்னால் கோழி நடமாடுகிறது, கழுத்தில் சங்கிலி. இதில் பழக்கம் வராது, ஏக்கம்தான் ஏறும். வில்லை இழுத்துப் பிடித்துக்கொண்டே இருந்து, கோழிகள் உச்சகட்டமாகச் சிறகடிக்கும் நேரத்தில் விட்டிருக்கிறீர்கள். எந்த நாயாக இருந்தாலும் பாயும்.

நாளைக்கே செய்ய வேண்டியது: கூடு கண்ணில் படாத இடத்துக்கு அவனை மாற்றுங்கள். கூடு அடைந்து கதவு சாத்திய பிறகுதான் அவன் வெளியே வர வேண்டும், அதுவும் கயிற்றோடு. இந்த ஒரு மாதம் அவன் ஒரு தடவைகூடத் துரத்தக் கூடாது. பயிற்சி எல்லாம் அதற்கு அப்புறம். ஒவ்வொரு துரத்தலும் பழைய கணக்கில் வட்டியைச் சேர்க்கும்.

வேலியைப் பாருங்கள். அவன் உடம்பை நீங்கள் சொல்வதைப் பார்த்தால் 4 அடி வேலியை ஏணிப்படி மாதிரித் தாண்டுவான், 6 அடி வேண்டும். அடியில் தோண்டுவானா? அப்படியானால் கம்பிவலையை வேலிக்கு வெளியே, அவன் நிற்கும் பக்கமாக, 2 அடி அகலத்துக்குத் தரையோடு மடக்கிப் போட்டு மேலே கல் அடுக்குங்கள். வேலி ஓரத்தில்தான் தோண்ட ஆரம்பிப்பான், நகத்தில் கம்பி தட்டும், விட்டுவிடுவான். அவனுக்கும் கோழிக்கும் நடுவில் எப்போதும் இரண்டு கதவு இருக்கட்டும். ஒன்றை யாராவது சாத்த மறப்பார்கள். மறக்காத வீடு நான் பார்த்ததில்லை.

மூன்றுபெட்டை:
நடுவில் ஒரு வார்த்தை. மகள் காதை இழுத்தாலும் பேசாமல் இருக்கிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். அவன் பொறுத்துக்கொள்கிறான் என்பதற்காக அதைப் பழக்கமாக்காதீர்கள். அது தனி விஷயம், இருந்தாலும் சொல்லாமல் போக மனசில்லை.

வாய்க்கூடை மாட்டலாமா என்று அடுத்து கேட்பீர்கள். மாட்டலாம். ஆனால் வாயைத் திறந்து மூச்சிரைக்கவும் தண்ணீர் குடிக்கவும் இடம் இருக்கிற கூடை வகையாக இருக்க வேண்டும். உள்ளே தின்பண்டம் வைத்து, அவனே மூக்கை நுழைக்கும்வரை சில நாள் பழக்கியபின் மாட்டுங்கள். கூடை கடியைத்தான் தடுக்கும், துரத்தலைத் தடுக்காது. சினை ஆட்டுக்கு ஓட்டமே போதும் என்று மேலே சொல்லியிருக்கிறார்களே. கால் நகத்தால் மிதித்தே கோழியைக் கொன்ற நாயையும் நான் பார்த்திருக்கிறேன்.

கொட்டில்வீடு:
புரிகிறது. காதை இழுப்பது இன்றிலிருந்து நிறுத்தம். பயிற்சியை எங்கிருந்து ஆரம்பிப்பது?

நாலுகால்:
தூரத்திலிருந்து. 10 மீட்டர் கயிறு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். கழுத்துப் பட்டையில் கட்டாதீர்கள். முழு வேகத்தில் ஓடிக் கயிறு தீரும்போது கழுத்து போய்விடும். நெஞ்சைச் சுற்றி மாட்டும் வார்ப்பட்டையில் முதுகுப் பக்கம் கட்டுங்கள். உங்கள் கையில் சுற்றிக்கொள்ளவும் கூடாது.

ஆடுகள் அமைதியாக மேயும் நேரம் பார்த்து, அவன் ஆட்டைப் பார்க்க வேண்டும், ஆனால் கூப்பிட்டால் காது உங்கள் பக்கம் திரும்ப வேண்டும், அந்த இடத்தைக் கண்டுபிடியுங்கள். 30 அடியாக இருக்கலாம், 100 அடியாகவும் இருக்கலாம். கையில் அவனுக்குப் பிடித்த இறைச்சித் துண்டு இருக்கட்டும். ஆட்டைப் பார்த்தான் என்றால் அந்த நொடியிலேயே "சரி" என்று ஒரே மாதிரிக் குரலில் சொல்லித் துண்டைக் கொடுங்கள். திரும்பத் திரும்ப. சில நாளில் ஆட்டைப் பார்த்ததும் "எங்கே என் துண்டு" என்று உங்களைத் திரும்பிப் பார்ப்பான். அந்தத் திரும்பல்தான் வேண்டும். அது தானாக வந்த பிறகுதான் இரண்டடி கிட்டே போவது. தினமும் 5 நிமிடம், இரண்டு தடவை போதும்.

அவன் உடம்பைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். வாய் திறந்திருக்கிறது, தரையை மோக்கிறான், வால் தளர்ந்து ஆடுகிறது என்றால் பரவாயில்லை. தொங்கிக்கொண்டிருந்த வாய் சட்டென்று மூடினால், அதுதான் முதல் எச்சரிக்கை மணி. அப்புறம் காது முன்னால் வரும், தலை தோளுக்குக் கீழே இறங்கும், ஒரு முன்கால் அந்தரத்தில் நிற்கும், எடை முன்னுக்குச் சாயும். முன்கால் தூக்கியபின் கூப்பிட்டுப் பலன் இல்லை. வாய் மூடும்போதே திரும்பி நடந்துவிடுங்கள். இறைச்சியை முகர்ந்தும் வாங்க மறுத்தால் ரொம்பக் கிட்டே வந்துவிட்டீர்கள் என்று பொருள்.

கோழியை இப்போதைக்குத் தொடவே வேண்டாம். ஆடு நடக்கும், கோழி படபடக்கும். அவனுக்கு எது கடினமோ அது கடைசியில்.

ஓட்டத்துக்கும் ஒரு வடிகால் வேண்டும். கயிற்று இழுவை, பந்து, புல்லில் தின்பண்டத்தை இறைத்துத் தேடவிடுவது, எதுவானாலும் சரி. பந்தை மட்டும் எப்போதும் ஆட்டுக்கு எதிர்த் திசையில் எறியுங்கள். ஓட்டம் உங்களிடமிருந்துதான் வருகிறது என்று அவன் கண்டுகொள்ள வேண்டும். ஆனால் மணிக்கணக்கில் பந்து எறிந்து அவனை முறுக்கேற்றியும் வைக்காதீர்கள்.

ஓட்டக்காரி:
என்னிடம் ஒரு கிரேஹவுண்ட், வேகமாக ஓடும் வேட்டை நாய், 7 வருடம் இருந்தது. எல்லாப் பயிற்சியும் செய்தேன். 3 ஆடுகளுக்கு நடுவில் கயிற்றோடு படுத்துத் தூங்கும் அளவுக்கு வந்தது. கோழியோடு மட்டும் தனியாக விட்டதில்லை, ஒரு நாளும். அந்தத் துணிவு எனக்கு வரவே இல்லை, அது சரிதான் என்று இப்போதும் நினைக்கிறேன். மூடின கதவு மூடினபடி இருந்தது, நாயும் சந்தோஷமாக இருந்தது. முழுக்கக் குணமாகும் என்று எதிர்பார்த்தீர்கள் என்றால் வீட்டில் சொல்வதைப் போலக் கொடுத்துவிடத்தான் தோன்றும். கதவு சாத்திக்கொண்டே வாழ முடியும் என்றால் வைத்துக்கொள்ளலாம்.

கொட்டில்வீடு:
6 வாரம் ஆகிவிட்டது, வந்து சொல்லவில்லை என்று திட்டாதீர்கள்.

கூட்டைப் பார்க்க முடியாதபடி பின்பக்கம் மாற்றியதிலேயே பாதி அடங்கிவிட்டான். முன்பு விடிந்தால் முனக ஆரம்பிப்பான், இப்போது காலையில் தூங்குகிறான். முதலில் 80 அடியில் ஆரம்பித்தோம். இப்போது 20 அடியில் ஆடு மேய, இவன் புல்லை மோந்துகொண்டு என் முகத்தையும் என் சட்டைப்பையையும் மாறி மாறிப் பார்க்கிறான். அந்த வாய் மூடும் விஷயம் என் மகளுக்கே தெரிந்துவிட்டது. "அப்பா, வாய்" என்கிறாள்.

ஒரு சறுக்கல். மூன்றாவது வாரம் ஒரு கோழி இரண்டாவது கதவு வழியாக வெளியே வந்துவிட்டது (சாத்த மறந்தவன் நான்தான்). கயிறு இருந்ததால் 6 அடியில் நின்றான். கோழிக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனால் அடுத்த நான்கு நாள் மணி ஒவ்வொரு காக்கைக்கும் எகிறினான். மறுபடியும் 60 அடிக்குப் போய் ஆரம்பித்தேன்.

இன்னொரு கவலை. சினை ஆடு தப்பித்துவிட்டது, இன்னும் 10 நாளில் குட்டி போடும். அப்போது என்ன செய்வது?

ஆட்டுப்பால்:
நல்ல செய்தி. குட்டி போடும் சமயம் மணியை அந்தப் பக்கமே கொண்டுவராதீர்கள், இந்த 6 வார வேலை எல்லாம் இருந்தாலும். பிறந்த குட்டி தள்ளாடித் தள்ளாடி நடக்கும், மெல்லிய குரலில் கத்தும். அது போதும் அவனுக்கு. ரத்த வாடையும் சேர்ந்துகொள்ளும். நஞ்சுக்கொடி விழுந்த உடனே எடுத்து ஆழமாகப் புதையுங்கள். ஒரு தடவை அதைத் தின்று ருசி பார்த்துவிட்டால் பட்டி வாசலிலேயே குடியிருப்பான். குட்டிகள் நிலையாக ஓடியாட ஆரம்பித்தபின், மறுபடியும் 80 அடி. குட்டி துள்ளும், பெரிய ஆடு துள்ளாது. அவனுக்கு அது புது மிருகம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

கொட்டில்வீடு:
சரி. பின்பக்கக் கதவுக்கு இன்னொரு கொக்கி போட்டுவிடுகிறேன், இந்தத் தடவை மகள் கைக்கு எட்டாத உயரத்தில்.