இராமநாதபுரம் கடற்கரைச் சாலைகளில் நாள்தோறும் பைக் ஓட்டுபவருக்கு எந்தக் காலுறை ஏற்றது?

கேள்வி: வலைக்கயிறு

அனைவருக்கும் வணக்கம். மீன்பிடி வலை, கயிறு, மிதவை விற்கும் கடைகளில் ஆர்டர் எடுப்பது என் வேலை. இராமநாதபுரத்திலிருந்து சில நாள்கள் தேவிபட்டினம் வழியாகத் தொண்டி வரையிலும், சில நாள்கள் கீழக்கரை, ஏர்வாடி வழியாகச் சாயல்குடி வரையிலும், மற்ற நாள்களில் மண்டபம், பாம்பன் கடந்து இராமேசுவரத்துக்கும் 125 சிசி வண்டியில் போய் வருகிறேன். நிறுவனத்தின் விதிப்படி ஷூ அணிந்தே கடைகளுக்குள் செல்ல வேண்டும் என்பதால், இப்பகுதியில் பலரும் செய்வதுபோல் செருப்போடு ஓட்டிவிட்டுப் போக எனக்கு வழியில்லை.

பருத்திதான் உடம்புக்கு நல்லது என்று வீட்டுப் பெரியவர்கள் சொன்னபடி பருத்திக் காலுறையையே அணிகிறேன். முற்பகல் முடிவதற்குள் அது நனைந்து, சுருண்டு, சுண்டுவிரல் பக்கமாக ஒதுங்கிவிடுகிறது. மாலையில் கழற்றிப் பார்த்தால் விரலிடுக்குகள் வெளுத்து ஊறிப்போயிருக்கின்றன. சுண்டுவிரலின் வெளிப்புறத்தில் கொப்புளம் இருக்கிறது. கியரைத் தூக்கித் தூக்கி இடது பாதத்தின் மேற்புறமும் கன்றிப்போகிறது. கடைகளில் விசாரித்தால் விளையாட்டுக் காலுறை, மூங்கில் காலுறை, மெரினோ கம்பளிக் காலுறை என்று ஆளுக்கொன்றை எடுத்துக் காட்டுகிறார்கள். இணையத்தில் கிடைக்கும் அறிவுரைகளோ பெரும்பாலும் குளிர் நாடுகளில் வண்டி ஓட்டுபவர்களுக்காக எழுதப்பட்டவை. நம் வெயிலுக்கும் உப்புக் காற்றுக்கும் எந்த இழை, எவ்வளவு தடிமன், எவ்வளவு உயரம் ஏற்றது என்பதை அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.


தொண்டிச்சாலை எழுதியது:

தம்பிக்கு வணக்கம். நீங்கள் சொன்ன தொல்லைகளுக்கு மூன்று வெவ்வேறு காரணங்கள் இருப்பதாகத் தெரிகிறது. விரலிடுக்கு ஊறுவது ஈரத்தால் வருவது; கொப்புளம் ஈரமும் பொருந்தாத அளவும் சேர்ந்து வருவது; பாதத்தின் மேற்புறம் கன்றுவது கியர் மிதியால் வருவது. காலுறையை மாற்றினால் முதல் இரண்டும் பெருமளவு குறையும். மூன்றாவதற்கு வண்டியில்தான் கைவைக்க வேண்டும்.

65% ஈரப்பதமுள்ள காற்றில் சும்மா விட்டுவைத்தாலே பருத்தி தன் எடையில் ஏறத்தாழ 8.5% அளவுக்கு ஈரத்தை வாங்கி வைத்துக்கொள்ளும். நைலான் ஏறத்தாழ 4%, பாலியஸ்டர் 0.4% மட்டுமே வாங்கும். நம் கரையில் காலை வேளையின் ஈரப்பதம் பெரும்பாலும் 65 விழுக்காட்டைத் தாண்டிவிடுவதால், ஒரு துளி வேர்வை சுரப்பதற்கு முன்பே பருத்திக் காலுறை ஈரத்தோடுதான் ஷூவுக்குள் நுழைகிறது. அதன் பிறகு வருகிற வேர்வையையும் அது குடித்துக்கொண்டு, எளிதில் வெளியே விடாமல், தளர்ந்து சுருள்கிறது. ஊறி மென்மையான தோல் அந்தச் சுருக்கத்தின் உராய்வைத் தாங்காதபோது கொப்புளம் எழுகிறது. பெரியவர்கள் சொன்ன பருத்தி, காற்றாடும் வேட்டிக்கும் சட்டைக்கும் பொருந்தும். மூடிய ஷூவுக்குள் அந்தக் கணக்கு மாறிவிடுகிறது.

ஆகவே பாலியஸ்டரோ நைலானோ பாதிக்கு மேலும், பருத்தி அதைவிடக் குறைவாகவும், பிடிப்புக்குச் சிறிதளவு ஸ்பான்டெக்ஸும் (ரப்பர்போல் இழுபடும் இழை) கலந்த காலுறையைத் தேடுங்கள். அட்டையின் முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் இருக்கும் பெயரை நம்ப வேண்டாம். பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் இருக்கும் விழுக்காட்டைப் படியுங்கள். மூங்கில் காலுறை என்று விற்கப்படுவது பெரும்பாலும் மூங்கில் கூழிலிருந்து எடுத்த விஸ்கோஸ் இழைதான். அது பருத்தியைவிடக் கூடுதலாக ஈரம் உறிஞ்சும். நனைந்தால் வலுவும் குறையும். தொட்டுப் பார்க்கும்போது பட்டுப்போல் இருப்பதால் கடையில் மனம் போகும், அவ்வளவுதான். மெரினோ கம்பளி உண்மையிலேயே நல்ல இழை. தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உள்வாங்கிய பிறகும் தோலுக்கு நனைந்ததாகத் தோன்றாது. நாற்றமும் எளிதில் பிடிக்காது. மெல்லியதாகப் பின்னியிருந்தால் கம்பளி என்று அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் நாள்தோறும் அணிந்து, துவைத்து, தேய்க்கப்போகும் உங்களுக்கு அந்த விலையில் ஒரு ஜோடி வாங்குவதைவிட, கலப்பிழையில் பல ஜோடிகள் வாங்கி, நண்பகலில் ஒருமுறை மாற்றிக்கொள்வதே பயன் தரும் என்பது என் முடிவு. டேங்க் கவரில் ஓர் உலர்ந்த ஜோடி எப்போதும் இருக்கட்டும்.

தடிமனைப் பொறுத்தவரை, உள்ளங்காலிலும் குதிகாலிலும் மட்டும் குளிக்கும் துண்டில் இருப்பதுபோல் சுருள் இழை வைத்து, பாதத்தின் மேற்புறம் மெல்லிய வலைப்பின்னலாக விட்ட காலுறை சாலை ஓட்டத்துக்கு நன்றாக இருக்கும். முழுவதும் தடித்த காலுறை ஷூவை இறுக்கிவிடும். வலது காலின் பிரேக் மிதி எவ்வளவு அழுந்துகிறது என்ற உணர்வையும் மழுங்கடிக்கும். ஆனால் ஒரு விலக்கு உண்டு. 2017-இல் முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை தார்ச்சாலை திறக்கப்பட்ட பிறகு தனுஷ்கோடிக் கடைசி வரை பைக்கிலேயே போய்விட முடிகிறது. காற்று வீசும் நாள்களில் அந்தச் சாலையின் குறுக்கே மணல் ஓடிக்கொண்டே இருக்கும். சுருள் இழைக்குள் புகுந்த மணலை உதறி எடுக்க முடியாது. அது நாள் முழுவதும் உப்புத்தாள் போலத் தோலைத் தேய்க்கும். அந்தப் பக்கம் போகும் நாள்களில் உள்ளும் புறமும் வழவழப்பான, நெருக்கமான பின்னலுள்ள காலுறையை அணியுங்கள்.

விரல் நுனிக்கு மேலே குறுக்காகப் போகும் தையலையும் கவனியுங்கள். காலுறையின் உட்புறத்தை வெளியே திருப்பி, அந்தத் தையல் மீது விரலை ஓட்டிப் பார்த்தால், மேடு தட்டுப்படுகிறதா என்பது உடனே தெரிந்துவிடும். தட்டையாக முடிக்கப்பட்ட தையல் இருந்தால் விரல்களின் தொல்லையில் பாதி குறையும். ஒரே அளவு எல்லாருக்கும் பொருந்தும் என்று விற்கப்படும் காலுறைகளில் குதிகால் பை உங்கள் குதிகாலில் உட்காராமல் கணுக்காலுக்கு ஏறிவிட்டால், அது உங்களுக்குப் பெரிது. சுண்டுவிரல் பக்கம் ஒதுங்குகிற துணி அங்கிருந்துதான் வருகிறது.

இனி கியர். உங்கள் 125 சிசி வண்டியில் முன்னும் பின்னும் மிதி கொண்ட கியர் இருந்தால், மேல் கியருக்குப் போகக் குதிகாலால் பின்மிதியை அழுத்தப் பழகுங்கள். பாதத்தின் மேற்புறத்துக்கு வேலையே இருக்காது. முன்மிதி மட்டும் இருந்தால், மிதியின் தண்டைப் பல்வரிசையில் ஒரு பல் மேலேற்றிப் பொருத்தித் தருமாறு மெக்கானிக்கிடம் கேளுங்கள். ஷூவுக்கும் மிதிக்கும் இடையில் இடம் போதாமல் இருப்பதே பெரும்பாலும் கன்றுவதற்குக் காரணம்.


உப்பளத்தடம் எழுதியது:

அண்ணன் சொன்னதில் பெரும்பகுதி சரி என்றாலும், செயற்கை இழையை இவ்வளவு தூக்கி வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. வாலிநோக்கம் பக்கம் உப்பளங்களுக்குப் போய்வரும் என்னைப் போன்றவர்களுக்கு மெல்லிய பருத்தியே ஒத்துவருகிறது. ஷூவின் மேற்புறம் ரெக்சினாக இருந்தால், பாலியஸ்டர் வேர்வையை வெளிப்பக்கம் கடத்தினாலும் அது போவதற்கு இடமில்லை. உள்ளேயே தேங்கி, மாலையில் பருத்தியைவிட மோசமாக நாறும். எனவே, வலைத்துணியோ துளையிட்ட தோலோ உள்ள, கணுக்காலை மூடும் ஷூ முதலில் வேண்டும். ரெக்சின் ஷூவை வைத்துக்கொண்டு காலுறையில் பணம் போடுவது வீண்.

இன்னொன்று சூடு. நைலான் வகைகளில் ஒன்று ஏறத்தாழ 220 டிகிரி செல்சியசிலும், பாலியஸ்டர் ஏறத்தாழ 255 முதல் 260 டிகிரியிலும் உருகும். எஞ்சினை ஒட்டிய சைலன்சர் குழாய் அந்தச் சூட்டை எட்டக்கூடியது. பருத்தி கருகுமே தவிர, உருகித் தோலில் ஒட்டாது. காலுறை உயரமாக இருக்கிறது என்பதற்காக யாரும் பேண்ட்டை மடித்துவிட்டு ஓட்ட வேண்டாம்.


தொண்டிச்சாலை எழுதியது:

ரெக்சின் பற்றிச் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். அதை நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். சூடு பற்றிய எச்சரிக்கையும் சரியே. ஆனால் பேண்ட்டுக்கும் ஷூவுக்கும் உள்ளே இருக்கும் காலுறைக்கு அந்தச் சூடு நேரடியாகப் படுவது அரிது. வேர்வையோ நாள்தோறும் வருகிறது.


கீழக்கரைச் செவிலி எழுதியது:

சகோதரருக்கு வணக்கம். மருத்துவமனையில் கால்புண் கட்டும் பிரிவில் வேலை செய்கிறவள் என்ற முறையில் சிலவற்றைச் சொல்கிறேன்.

விரலிடுக்கு வெளுத்து ஊறுவதோடு அரிப்பும், தோல் உரிவதும், நாற்றமும் இருந்தால் அது சேற்றுப்புண்ணாக இருக்கலாம். அது பூஞ்சையால் வருவது. காலுறையை மாற்றினால் மட்டும் போகாது. மருந்துக்கடையில் தாமாகக் கேட்டு வாங்கும் சில களிம்புகளில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். அது அரிப்பை உடனே அடக்கும். பூஞ்சையோ உள்ளே பரவிக்கொண்டே இருக்கும். மருத்துவரிடம் காட்டிப் பூஞ்சைக்கான மருந்தை மட்டும் எழுதி வாங்கி, அரிப்பு நின்ற பிறகும் அவர் சொன்ன காலம் வரை பூசுங்கள். கால் கழுவியதும் விரலிடுக்குகளைத் தனித்தனியே துடைத்து உலர்த்திய பிறகே காலுறை அணிய வேண்டும். ஒரே ஷூவை அடுத்தடுத்த நாள்களில் போடாமல், இரண்டு ஜோடியை மாற்றி மாற்றிப் போட முடிந்தால் உள்ளீரம் காய நேரம் கிடைக்கும்.

காலுறையின் உயரம் பற்றி யாரும் இன்னும் சொல்லவில்லை. ஷூவின் விளிம்புக்கு மேலே குறைந்தது நான்கு விரற்கடை ஏறி நிற்கும் காலுறைதான் விளிம்பு உராய்வதைத் தடுக்கும். கணுக்காலுக்குக் கீழே முடியும் குட்டைக் காலுறை வண்டி ஓட்டுபவருக்கு உதவாது. அதே நேரத்தில், கழற்றிய பிறகு கெண்டைக்காலில் எலாஸ்டிக் பதிந்த ஆழமான தடம் நெடுநேரம் மறையாமல் இருந்தால் அந்தக் காலுறை உங்களுக்கு இறுக்கம். நீண்ட பயணத்துக்கு நல்லது என்று அழுத்தக் காலுறைகளை விற்கிறார்கள். காலுக்குப் போகும் இரத்தக் குழாயில் அடைப்பு உள்ளவர்களுக்கு அவை தீங்கு செய்யும் என்பதால், மருத்துவர் பார்த்துச் சொல்லாமல் யாரும் வாங்க வேண்டாம்.

உங்களுக்குச் சர்க்கரை நோய் இல்லையென்றாலும், இதைப் படிப்பவர்களில் பலருக்கு இருக்கும் என்பதால் சொல்கிறேன். அவர்களுக்கு மேல்விளிம்பு தளர்வாகவும், தையல் மேடு இல்லாமலும், வெள்ளை அல்லது வெளிர் நிறத்திலும் உள்ள காலுறை வேண்டும். உணர்ச்சி குறைந்த காலில் முள் குத்தினாலோ கொப்புளம் உடைந்தாலோ வலியால் தெரியாது. வெளிர் துணியில் படும் கறையால்தான் தெரியும். எங்களிடம் வருகிறவர்களில், ஷூவுக்குள் கிடந்த சிறு சிப்பித் துண்டோடு மாலை வரை வண்டி ஓட்டியவர்களும் உண்டு.


வலைக்கயிறு எழுதியது:

அண்ணனுக்கும், அக்காவுக்கும், உப்பளத்தடம் நண்பருக்கும் நன்றி. அரிப்பு இருக்கிறது, மருத்துவரிடம் காட்டுகிறேன். ஷூவும் ரெக்சின்தான்.

ஒரு சந்தேகம் மட்டும் மீதி இருக்கிறது. மீன் இறங்குதளங்களில் நிற்கும்போது கடல்நீர் தெறித்துக் காலுறை நனைவது உண்டு. வீட்டில் ஆழ்குழாய்த் தண்ணீர் உவர்ப்பு. நல்ல தண்ணீரைக் குடத்தில்தான் பிடித்து வைக்கிறோம். உவர்நீரில் துவைத்துக் காயவைத்த காலுறை, காலையில் எடுக்கும்போது மீண்டும் நசநசவென்று இருக்கிறதே, அது ஏன்?


தொண்டிச்சாலை எழுதியது:

அது இழையில் தங்கிய உப்பின் வேலை. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டினால், சமையல் உப்பு காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரையத் தொடங்கிவிடும். கடல் உப்பில் உள்ள மக்னீசியம் உப்புகள் அதைவிடக் குறைந்த ஈரப்பதத்திலேயே நீரை இழுக்கும். நம் இரவுக் காற்று அந்த அளவை எளிதில் எட்டிவிடுவதால், கடல்நீரில் நனைந்த காலுறையை எத்தனை வெயிலில் போட்டாலும், அன்று இரவே அது மீண்டும் ஈரமாகும். பகலில் காய்ந்திருக்கும்போதோ அதே உப்பு படிகமாக நின்று தோலை உரசும்.

துவைப்பதை உவர்நீரிலேயே செய்யுங்கள்; நல்ல தண்ணீரை வீணாக்க வேண்டாம். கடைசி அலசலுக்கு மட்டும் ஒரு செம்பு நல்ல தண்ணீர் எடுத்து, காலுறையை உள்வெளியாகத் திருப்பி, இரு தவணையாக ஊற்றிப் பிழிந்தால் போதும். உவர்நீரில் சோப்பு சரியாக நுரைக்காமல் பிசுபிசுப்பாகத் துணியில் படியும் என்பதால், கட்டிச் சோப்பைவிடச் சலவைத் தூளோ திரவமோ நல்லது. துணியை மென்மையாக்கும் திரவத்தைச் சேர்க்காதீர்கள். அது இழையின் மீது படலமாகப் படிந்து, வேர்வையைக் கடத்தும் தன்மையைக் கெடுத்துவிடும். ஸ்பான்டெக்ஸ் கடும் வெயிலில் விரைவில் தளர்ந்துபோகும். எனவே, காற்றோட்டமான நிழலில், விரல் பக்கம் மேலே இருக்குமாறு கொடியில் மாட்டுங்கள்.


உப்பளத்தடம் எழுதியது:

ஐப்பசி, கார்த்திகை மழையில் இவை எதுவும் உதவாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நீர் புகாத காலுறை என்று விற்கப்படுவதை வாங்க வேண்டாம். மழை முழங்காலில் இருந்து வழிந்து மேல்விளிம்பு வழியாக உள்ளே இறங்கிவிட்டால், அது வெளியேறாமல் உள்ளேயே நிற்கும். மழைக் காலத்தில் நான் காலுறையைக் கழற்றிப் பாலித்தீன் பையில் சுற்றி வைத்துவிட்டு, பின்பட்டை உள்ள ரப்பர் செருப்போடு ஓட்டுவேன். கடைக்கு முன்னால் காலைத் துடைத்துவிட்டு ஷூவை மாட்டிக்கொள்வேன்.


தொண்டிச்சாலை எழுதியது:

ஊருக்குள் மெதுவாகப் போவதற்கு அது சரி. கிழக்குக் கடற்கரைச் சாலையின் வேகத்துக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன், தம்பி. மழையிலும் ஷூவோடே ஓட்டி, மேலே ரப்பர் உறையை மாட்டி, மழைப்பேண்ட்டின் கால்பகுதி அந்த உறைக்கு வெளியே விழும்படி விடுங்கள். புது ஷூ வாங்கப் போகும்போது மாலையில் போங்கள். நாள் முழுவதும் ஓட்டிய பிறகு பாதம் சற்று வீங்கியிருக்கும். அணியப்போகும் காலுறையையும் கையோடு கொண்டுபோய், அதைப் போட்டுக்கொண்டே அளவு பாருங்கள். விரல்களை உள்ளே மடக்கி நீட்ட இடம் இருக்கிறதா என்பதைப் பார்த்துவிட்டு, கடை வாசலில் நிற்கும் உங்கள் வண்டியில் உட்கார்ந்து, கியர் மிதிக்குக் கீழே ஷூவின் முனை நுழைகிறதா என்பதையும் பார்த்த பிறகே பணத்தைக் கொடுங்கள்.