ஸ்டார் வார்ஸை (1977) எடிட்டிங் ரூமில்தான் காப்பாற்றினார்களா?

கேள்வி: இரட்டைச்சூரியன்

எனக்கும் என் தம்பிக்கும் ஒரு வாரமாக இதே பேச்சுதான். ஜார்ஜ் லூகாஸ் எடுத்துக்கொண்டு வந்தது தேறாத படம், அவர் மனைவி மார்சியா லூகாஸும் மற்ற எடிட்டர்களும் சேர்ந்துதான் அதைப் படமாக்கினார்கள் என்கிறான் அவன். இணையத்தில் ஒரு வீடியோ பார்த்ததிலிருந்து இதையே சொல்லிக்கொண்டிருக்கிறான். எனக்கு மனசு ஒப்பவில்லை. பத்து வயதில் அந்தப் படத்தைப் பார்த்தேன். முதல் ஷாட்டில் அந்தப் பிரம்மாண்டக் கப்பல் தலைக்கு மேலே போய்க்கொண்டே இருக்குமே, அன்றைக்குப் பிடித்த பைத்தியம் இன்னும் விடவில்லை. அதற்காக, எடிட்டர்களுக்குச் சேர வேண்டிய பெயரை மறைக்கவும் எனக்கு விருப்பமில்லை.

படத்தொகுப்பில் வேலை செய்கிறவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். வெட்டினதில் உண்மையிலேயே என்ன மாறியது? எந்த சீன் போனது, எது வந்தது? பொதுவாக இல்லாமல் குறிப்பாகச் சொன்னால் நன்றாக இருக்கும்.

பதில் 1: வெட்டும்ஒட்டும்

இருபத்தைந்து வருடமாக எடிட்டிங்தான் என் தொழில். ஃபிலிமைக் கையால் வெட்டி ஒட்டிய காலத்தின் கடைசியில் உதவியாளராகச் சேர்ந்தேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் "காப்பாற்றினார்கள்" என்ற சொல்லைப் பற்றி. ரஃப் கட், அதாவது முதல் தடவை கோர்த்துப் பார்க்கும் வடிவம், எந்தப் படத்துக்கும் பார்க்கச் சகிக்காது. நான் வேலை செய்த படங்களில் மிக நல்ல படத்தின் முதல் கட்டைப் பார்த்துவிட்டு இயக்குநர் இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை. எழுதும்போது ஒரு கதை, எடுக்கும்போது ஒரு கதை, வெட்டும்போது ஒரு கதை. மூன்றாவது கதைதான் தியேட்டருக்கு வருகிறது. ஸ்டார் வார்ஸிலும் அதுதான் நடந்தது. ஆனால் இந்தப் படத்தில் அது நடந்த விதம் தனி, அதனால்தான் உங்கள் தம்பி சொல்வதில் பாதி சரி.

படப்பிடிப்பு 1976 மார்ச்சில் துனிசியாவில் தொடங்கி, பிறகு லண்டனுக்குப் பக்கத்தில் எல்ஸ்ட்ரீ ஸ்டூடியோவில் தொடர்ந்தது. அப்போது எடிட்டர் ஜான் ஜிம்சன். சாதாரண ஆள் இல்லை, பீட்டில்ஸ் நடித்த 'எ ஹார்ட் டேஸ் நைட்' படத்தை வெட்டியவர். ஆனால் அவர் போட்ட கட்டின் வேகமும், அவர் தேர்ந்தெடுத்த டேக்குகளும் லூகாஸுக்குப் பிடிக்கவில்லை. அவரை விலக்கிவிட்டு, படத்தை முதலிலிருந்து மறுபடியும் கோர்த்தார்கள். ரிச்சர்ட் சூ, மார்சியா லூகாஸ், அப்புறம் பால் ஹிர்ஷ். இந்த மூன்று பேருக்கும்தான் 1978இல் படத்தொகுப்புக்கான ஆஸ்கர் கிடைத்தது. மார்சியா ஏற்கெனவே 'அமெரிக்கன் கிராஃபிட்டி' படத்துக்கு அதே பிரிவில் பரிந்துரைக்கப்பட்டவர். "இயக்குநரின் மனைவி" என்று ஒரே வார்த்தையில் அவரை அறிமுகப்படுத்துகிறவர்களைக் கண்டால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

இப்போது நீங்கள் கேட்ட குறிப்பான விஷயம். படத்தின் ஆரம்பத்தில், விண்ணில் சண்டை நடக்கும்போதே கீழே கதாநாயகன் லூக் அதைப் பைனாகுலரில் பார்ப்பதாகவும், ஓடிப்போய் நண்பர்களிடம் சொல்வதாகவும், சிறுவயதுத் தோழன் பிக்ஸோடு பேசுவதாகவும் சீன்கள் இருந்தன. எழுதியது மட்டுமில்லை, துனிசியா வெயிலில் எடுத்தும் முடித்துவிட்டார்கள். அத்தனையும் தூக்கப்பட்டது. அதனால் என்ன ஆனது பாருங்கள். இரண்டு ரோபோக்களின் பின்னாலேயே நாம் பாலைவனத்தில் அலைகிறோம். படம் ஓடிக் கால் மணி நேரத்துக்கு மேல் ஆன பிறகுதான் கதாநாயகன் முகமே தெரிகிறது. ரோபோக்களுக்கு எது தெரியுமோ அதுதான் நமக்கும் தெரியும். அந்தத் தவிப்பு இருப்பதால்தான் லூக்கைப் பார்த்ததும் அவனோடு ஒட்டிக்கொள்கிறோம்.

இதற்கு ஒரு பின்கதை உண்டு. லூகாஸ் முதலில் எழுதியபோது அந்த லூக் சீன்கள் இல்லவே இல்லை. ஜப்பானிய இயக்குநர் குரோசாவாவின் 'தி ஹிடன் ஃபோர்ட்ரெஸ்' படத்தில் கதை இரண்டு ஏழைக் குடியானவர்கள் பார்வையில் போகும். அதே போல இரண்டு ரோபோக்களை வைத்துத்தான் அவர் தொடங்க நினைத்தார். மனித முகம் சீக்கிரம் வராவிட்டால் ஜனங்களுக்குப் பிடிபடாது என்று நண்பர்கள் சொன்ன பிறகே அந்த சீன்களைச் சேர்த்தார். ஆக, எடிட்டிங் ரூமில் வெட்டியது லூகாஸின் எண்ணத்தை அல்ல. அவர் மனசில் முதலில் இருந்த வடிவத்துக்கே படம் திரும்பியது. உங்கள் தம்பியிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

சத்திரக் காட்சியையும் சொல்ல வேண்டும். வேற்றுக்கிரகவாசிகள் கூடிக் குடிக்கும் அந்த இடம். எல்ஸ்ட்ரீயில் எடுத்தபோது முகமூடிகளைச் செய்துகொண்டிருந்த ஸ்டூவர்ட் ஃப்ரீபார்ன் உடல்நலம் கெட்டுப் படுத்துவிட்டார். லூகாஸ் நினைத்த கூட்டம் கிடைக்கவில்லை. பிறகு அமெரிக்காவில் ரிக் பேக்கர் குழு புதிய முகங்களைச் செய்து தர, விட்டுப்போன ஷாட்டுகளைத் தனியாகப் பேட்ச் ஒர்க்காக எடுத்துச் சேர்த்தார்கள். ஒருவன் திரும்பிப் பார்ப்பது ஒரு கண்டத்தில், அவன் பார்க்கும் ஆள் இன்னொரு கண்டத்தில். ஒட்டுப் போட்ட இடம் தெரிகிறதா? நான் எத்தனையோ தடவை தேடியிருக்கிறேன்.

கடைசி யுத்தம் மார்சியா வெட்டியது. எதிரிகளின் பிரம்மாண்ட விண்வெளி நிலையத்தின் மேற்பரப்பில் நீளமாக ஒரு பள்ளம் ஓடும். ஸ்கிரிப்டில் லூக் அந்தப் பள்ளத்துக்குள் தன் விமானத்தில் இரண்டு தடவை பாய்வான். படத்தில் ஒரே தடவை. விமானிகள் பேசும் காட்சிகள் மலை மாதிரிக் குவிந்து கிடந்தன, அந்த ஒரு சண்டையைக் கோர்க்க மட்டும் அவருக்கு எட்டு வாரம் ஆனது. அதுவும் எப்படி? விண்கலம் பறக்கும் ஷாட்டுகள் தயாராகவில்லை. அதனால் இரண்டாம் உலகப் போர்ப் படங்களிலிருந்து விமானச் சண்டைத் துண்டுகளை எடுத்து அந்த இடங்களில் ஒட்டி வைத்து வெட்டினார்கள். அந்தத் துண்டுகளைப் பார்த்துத்தான் எஃபெக்ட்ஸ் குழுவும் ஷாட்டுகளை வடிவமைத்தது.

பதில் 2: பசைக்கை

மேலே அண்ணன் எழுதியதோடு ஒன்று சேர்க்கிறேன். மாடல் செய்வது என் பொழுதுபோக்கு, அதனால் அந்தப் பக்கத்தைத்தான் பேசுவேன்.

படத்துக்குப் பணம் போட்ட ஃபாக்ஸ் நிறுவனத்தில் அப்போது எஃபெக்ட்ஸ் பிரிவையே மூடிவிட்டிருந்தார்கள். அதனால் லூகாஸ் 1975இல் சொந்தமாக ஒரு குழுவைத் தொடங்க வேண்டியதாயிற்று. அதுதான் இன்டஸ்ட்ரியல் லைட் அண்ட் மேஜிக். கலிஃபோர்னியாவில் வேன் நைஸ் என்ற இடத்தில் ஒரு கிடங்கு. ஜான் டைக்ஸ்ட்ரா தலைமை. உள்ளே இருந்தவர்கள் பெரும்பாலும் இளவட்டம். கேமராவின் அசைவை மின்னணுக் கருவி நினைவில் வைத்துக்கொண்டு அச்சுப் பிசகாமல் திரும்பச் செய்யும் ஏற்பாட்டை அவர்களே உருவாக்கினார்கள். டைக்ஸ்ட்ராஃப்ளெக்ஸ் என்று அதற்குப் பெயர். ஒரே அசைவு மாறாமல் திரும்ப வந்தால்தான் கப்பலைத் தனியாக, அதன் இன்ஜின் வெளிச்சத்தைத் தனியாக, நட்சத்திரங்களைத் தனியாக எடுத்து ஒன்றின் மேல் ஒன்றாகப் படிய வைக்க முடியும். கருவியைக் கட்டவே காலம் போய்விட்டது. லூகாஸ் இங்கிலாந்திலிருந்து திரும்பி வந்து பார்த்தபோது, பணத்தில் பாதி கரைந்திருந்தது, கையில் இருந்தது விரல்விட்டு எண்ணும்படி சில ஷாட்டுகள்தான். அண்ணன் சொன்ன போர்ப் படத் துண்டுகள் ஏன் தேவைப்பட்டன என்பது இப்போது புரியும்.

கேள்வி கேட்டவர் சொன்ன அந்த முதல் ஷாட்டுக்கு வருவோம். துரத்துகிற பிரம்மாண்டக் கப்பல், ஸ்டார் டெஸ்ட்ராயர். அந்த மாடலின் நீளம் சுமார் 3 அடிதான்! தப்பித்து ஓடுகிற சின்னக் கப்பல் இருக்கிறதே, அதன் மாடல் அதைவிடப் பெரியது, ஏறக்குறைய 6 அடி. அது முதலில் லூக்கின் கூட்டாளி ஹான் சோலோவின் கப்பலாகச் செய்யப்பட்டது. ஒரு தொலைக்காட்சித் தொடரில் வந்த கப்பலின் சாயல் இருக்கிறது என்று வடிவத்தை மாற்றிவிட்டு, செய்ததை இதற்குப் பயன்படுத்தினார்கள். அந்தக் குழுவின் ஒளிப்பதிவாளர் ரிச்சர்ட் எட்லண்ட் கேமராவை அந்த 3 அடி மாடலின் வயிற்றுப் பக்கம் உரசுகிற மாதிரி ஓட்டியதில்தான் அது முடிவே இல்லாமல் நீள்கிறது. மேற்பரப்பில் தெரிகிற நுணுக்கமெல்லாம் கடையில் விற்கும் டாங்கி, போர்க்கப்பல் பிளாஸ்டிக் கிட்டுகளைப் பிரித்து ஒட்டியது. நானும் வீட்டில் அப்படி ஒட்டிப் பார்த்திருக்கிறேன். எந்தத் துண்டை எங்கே வைத்தால் கண்ணுக்கு "இது பெரிசு" என்று தோன்றும் என்பது லேசில் பிடிபடுகிற வித்தை இல்லை.

பதில் 3: ஒலித்தடம்

எல்லோரும் படத்தையே பேசுகிறீர்கள், சத்தத்தை விட்டுவிட்டீர்களே! அந்தப் படத்தைக் கேட்டுத்தான் நான் சவுண்டுக்கே வந்தேன்.

பென் பர்ட் அப்போது கல்லூரியை முடித்த இளைஞர். படப்பிடிப்பு தொடங்குவதற்கு முன்பே அவரைப் பிடித்து, ஊர் ஊராகச் சுற்றிச் சத்தம் சேகரிக்கச் சொல்லிவிட்டார்கள். அந்தக் காலத்து விண்வெளிப் படங்களில் எல்லாமே சின்தசைசரில் 'பீப் பீப்' என்று கேட்கும். லூகாஸ் கேட்டது நிஜ உலகத்துச் சத்தம். லைட்சேபர் என்ற ஒளிவாளின் ரீங்காரம் வந்தது பழைய ஃபிலிம் புரொஜெக்டரின் மோட்டாரிலிருந்தும், ஒரு டிவி பெட்டி பக்கத்தில் உறை கிழிந்த மைக் கேபிளைக் கொண்டுபோனபோது எழுந்த இரைச்சலிலிருந்தும். அந்தச் சத்தத்தை ஸ்பீக்கரில் ஓடவிட்டு, அதன் முன்னால் இன்னொரு மைக்கை வீசி வீசிப் பதிவு செய்தார். வாள் சுழல்கிற உணர்வு அப்படி வந்ததுதான். துப்பாக்கிச் சத்தம் ரேடியோ டவரின் இழுவைக் கம்பியைச் சுத்தியலால் தட்டியது. எதிரிகளின் டை ஃபைட்டர் விமானம் சீறுவது யானைப் பிளிறலும், ஈரச் சாலையில் கார் போகும் சத்தமும். முகமூடி போட்ட வில்லன் வேடரின் மூச்சு, நீச்சல்காரர்கள் கடலுக்கடியில் பயன்படுத்தும் சுவாசக் கருவி.

எடிட்டருக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு. ஆர்2-டி2 என்ற குட்டி ரோபோ பேசுகிறதே, படப்பிடிப்பில் அது ஊமை. தங்க ரோபோவாக நடித்த ஆன்டனி டேனியல்ஸ் வராத பதிலுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த இடைவெளிகளைப் பர்ட் தன் சொந்தக் குரலையும் சின்தசைசரையும் கலந்து நிரப்பிய பிறகுதான் அது பாத்திரமாயிற்று. அவருக்குத் தனி ஆஸ்கர் கொடுத்தார்கள், முழுக்க நியாயம்.

ஜான் வில்லியம்ஸ் இசையைப் பற்றி எழுத ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன், ஒன்றே ஒன்று சொல்கிறேன். 1977 மார்ச்சில் லண்டன் சிம்ஃபனி இசைக்குழுவோடு பதிவு நடந்தது. லூக் இரண்டு சூரியன்களும் மறைவதைப் பார்த்து நிற்கும் இடத்துக்கு அவர் முதலில் போட்டது வேறு மெட்டு. லூகாஸ் கேட்டுக்கொண்ட பிறகு, லூக்கின் குருவான பென் கெனோபிக்கான மெட்டை அங்கே கொண்டுவந்து மாற்றி எழுதினார். பழைய வடிவமும் பின்னாளில் வெளியாகியிருக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். முதலாவதும் அழகுதான், ஆனால் தொண்டை அடைப்பது இரண்டாவதில்தான்.

இரட்டைச்சூரியன்

கண் கலங்கிவிட்டது, உண்மையாகவே. என் பெயரை எங்கிருந்து எடுத்தேன் என்று ஒலித்தடத்துக்குத் தெரிந்திருக்கும். இன்றிரவு தம்பியை உட்கார வைத்து மறுபடி போடப் போகிறேன். வெட்டும்ஒட்டும் சார், எடிட்டிங்கை மட்டும் கவனிக்க வேண்டுமென்றால் எந்த இடத்தை அவனுக்குக் காட்டட்டும்?

பதில்: வெட்டும்ஒட்டும்

ஒலித்தடம் சொன்னது அத்தனையும் சரி, நான் விட்டுப்போனதைச் சேர்த்துவிட்டீர்கள்.

தம்பிக்கு, ஹான் சோலோ திரும்பி வருகிற இடத்தைக் காட்டுங்கள். அந்த இடத்தில் ஜனங்கள் ஆரவாரம் செய்யாவிட்டால் படம் தோற்றது என்று மார்சியா சொன்னதாகச் சொல்வார்கள். 1997இல் கணினியில் திருத்தியதை விட்டு, பழைய வடிவம் கிடைத்தால் அதைப் போடுங்கள். லூக் பள்ளத்துக்குள் தனியாகப் போகிறான். பின்னால் வேடர், இரண்டு பக்கமும் அவருடைய துணை விமானங்கள். வேடர் குறி பார்த்துவிட்டார். சட்டென்று பக்கத்து விமானம் வெடிக்கிறது. யார் சுட்டது? காட்டவில்லை. உடனே வேடர் "என்ன?" என்கிறார். அவருக்கும் தெரியவில்லை, நமக்கும் தெரியவில்லை. அதன் பிறகுதான் சூரியனைப் பின்னால் வைத்துக்கொண்டு மேலேயிருந்து அந்தக் கப்பல் இறங்குகிறது, ஹானின் கூச்சல் கேட்கிறது.

சோலோவின் கப்பலை முதலில் காட்டிவிட்டு வெடிப்பை அடுத்து வைத்திருந்தாலும் கதை அதேதான். நான் உதவியாளராக இருந்தபோது அந்த வரிசையை மாற்றி ஒட்டிப் பார்த்தேன், டேப்பில் பதிவு செய்து வைத்திருந்ததை வைத்து. தம்பியையும் அப்படி ஒரு தடவை மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள், இப்போது ஃபோனிலேயே செய்யலாம். பார்த்துவிட்டு அவன் என்ன சொன்னான் என்று இங்கே எழுதுங்கள், காத்திருக்கிறேன்.