கோப்பில் இருந்த அம்மா வேறு ஆள்

எண்பதுகளில் இலங்கையிலிருந்து ஐரோப்பாவுக்குத் தத்துப் போன பிள்ளைகளின் தாய்மாருக்குச் சில வருடங்களாக உதவி வருகிறேன். முதல் தேடலிலேயே மூக்குடைபட்டேன். நெதர்லாந்தில் வளர்ந்த ஒரு பெண் தன் தத்தெடுப்புக் கோப்பை அனுப்பியிருந்தார். பிறப்பத்தாட்சிப் பத்திரம், நீதிமன்றக் கட்டளை, தாயின் விலாசம் எல்லாம் கச்சிதம். அந்த விலாசத்தில் அதே பெயரில் ஒருவர் இருக்கவும் செய்தார். "கையெழுத்துப் போட்டது நான்தான், பெத்தது நான் இல்ல" என்று வாசலிலேயே சொல்லிவிட்டார். காசு வாங்கிக்கொண்டு தாயாக நடித்தவர். இப்படிப் பலர் இருந்ததை 2017இல் ஒரு டச்சுத் தொலைக்காட்சி நிகழ்ச்சி வெளியே கொண்டுவந்தது.

அதிலிருந்து கோப்பை மட்டும் நம்பி நான் இறங்குவதில்லை. தாயின் மரபணு மாதிரியை முதலில் பதிந்துவிடுவோம். பிள்ளையும் அதே தரவுத்தளத்தில் கொடுத்தால், பாதிக்குப் பாதி பொருந்தும்.

போன வருடம் ஒரு தாயின் மாதிரி எடுக்க மலையகத்தில் ஒரு லயத்துக்கு, அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளுக்கு, போனோம். கன்னத்தின் உள்பக்கம் பஞ்சுக்குச்சியால் தேய்க்க வேண்டும், அதற்கு முன் அரை மணி நேரம் வாயில் எதுவும் இருக்கக்கூடாது. அம்மாவின் வாய் நிறைய வெற்றிலை! கொப்பளித்துவிட்டு வந்து உட்கார்ந்தார். காத்திருந்த நேரத்தில்தான் பேசினார். "செத்துப் பொறந்திருச்சின்னாங்க தம்பி. காட்டச் சொன்னேன், காட்டல." பிள்ளையைச் சுற்ற எடுத்துப்போன பழைய சேலைத் துண்டை மடிப்புக் கலையாமல் திரும்பக் கொண்டுவந்தாராம். வெளியே மகனின் செருப்புச் சத்தம் கேட்டதும் பேச்சு நின்றது. வீட்டில் யாருக்கும் தெரியாது.

2021இல் நெதர்லாந்து அரசு, தத்து வந்தவர்களிடம் மன்னிப்புக் கேட்டது. அந்தச் செய்தி இந்த லயத்துக்கு வந்து சேரவில்லை.

* * *

அண்ணா, உங்கள் பதிவைப் படித்தேன். என் கதையும் கிட்டத்தட்ட இதுதான். கல்யாணத்துக்கு முன் ஒரு ஆண் பிள்ளை பிறந்ததை அம்மா சாகும் தறுவாயில்தான் என்னிடம் சொன்னார். அம்மாவே இல்லை, இனி எப்படி என்று விட்டிருந்தேன். பிள்ளைகள் மரபணு மாதிரி கொடுத்தாலும் போதும் என்றார்கள், கொடுத்தேன். பதினொரு மாதம் ஒன்றுமில்லை. அப்புறம் 25 சதவீதம் அளவில் பொருந்தி ஒருவர் வந்தார். தாய் ஒன்று, தகப்பன் வேறு என்றால் அவ்வளவுதான் வருமாம். அவர் பிறந்த வருடமும் அம்மா சொன்னதும் ஒன்று.

அம்மாவின் படம் கேட்டு எழுதியிருக்கிறார். என்னிடம் நல்லதாக இருப்பது கல்யாணப் படம் மட்டும்தான். பக்கத்தில் அப்பா நிற்கிறார். அவருக்கு இன்னும் எதுவும் தெரியாது.

* * *

தங்கச்சி, படம் அனுப்பும் முன் அப்பாவிடம் பேசிவிடுங்கள். சந்தோஷத்தில் அந்த அண்ணன் முகநூலில் போட்டுவிட்டால், அப்பாவுக்கு ஊரார் வாயால்தான் தெரியவரும். அதுவரை அம்மாவின் அடையாள அட்டைப் படம் இருந்தால் கொடுங்கள், அது போதும்.