வள்ளுவர் மையங்களுக்கு ஆண்டுச் செலவு யார் கொடுப்பது? டெல்லித் தமிழர் இழை

கரோல்பாக் ஆடிட்டர்:
2024 செப்டம்பரில் பிரதமர் மோடி சிங்கப்பூர் போனபோது, இந்திய அரசு வெளிநாட்டில் வைக்கும் முதல் திருவள்ளுவர் பண்பாட்டு மையம் அங்கே வரும் என்று அறிவித்தார். இந்திய உதவியில் யாழ்ப்பாணத்தில் கட்டிய பண்பாட்டு மையத்துக்கு 2025 ஜனவரியில் வள்ளுவர் பெயர் வைத்தார்கள். சந்தோஷம். ஆனால் ரிப்பன் வெட்டிய மறுநாளே சம்பளமும் கரண்ட் பில்லும் ஆரம்பித்துவிடும். வெளியுறவு அமைச்சக மானியத்தை மட்டும் நம்பினால், பட்ஜெட்டில் கை வைக்கும்போதெல்லாம் முதலில் அடிபடுவது இதுதான்.

என் கட்சி இதுதான்: தமிழ் வகுப்பு, பரதம், சங்கீதம், மொழித்திறன் சான்றிதழ் தேர்வு எல்லாவற்றுக்கும் நியாயமான கட்டணம் வாங்குங்கள். நம் ஊர் கஸ்தூரிபா காந்தி மார்க்கில் பிரிட்டனின் பண்பாட்டு மையமான பிரிட்டிஷ் கவுன்சிலும் ஜெர்மனியின் மாக்ஸ்முல்லர் பவனும் வகுப்புக்கும் தேர்வுக்கும் அப்படித்தானே வாங்குகின்றன?

முனிர்கா வாசகி:
ஆடிட்டர் சார், அந்த பிரிட்டிஷ் கவுன்சில் கணக்கைக் கொஞ்சம் திறந்து பாருங்கள். 2019-20ல் மொத்த வருமானம் 120 கோடி பவுண்டுக்கு மேல். அதில் அரசு மானியம் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு. மீதியில் பெரும்பகுதி ஆங்கில வகுப்பும் தேர்வும்தான். கொரோனா வந்தது, வகுப்பறையும் தேர்வுக் கூடமும் மூடின, வருமானம் சரிந்தது. அரசிடம் கடன் வாங்கினார்கள், சுமார் 20 கோடி பவுண்ட். மானியம் இல்லை, வட்டியோடு திருப்பித் தர வேண்டிய கடன்.

அப்புறம் என்ன ஆயிற்று? 2021ல் இந்தியாவில் இருந்த ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் திறன் தேர்வுத் தொழிலை ஆஸ்திரேலியாவின் ஐடிபி நிறுவனத்துக்கு 13 கோடி பவுண்டுக்கு விற்றார்கள். இங்கே பஞ்சாபிலிருந்தும் ஹரியானாவிலிருந்தும் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக எழுதிய தேர்வு அது. அதே ஆண்டில் 20 நாடுகளில் அலுவலகங்களை மூடும் முடிவும் வந்தது. 2025 தொடக்கத்தில் அதன் தலைமை நிர்வாகியே, இப்படிப் போனால் பத்தாண்டுக்குள் நிறுவனமே இருக்காது என்று பத்திரிகையில் பேசினார். கடனைத் தீர்க்கத் தங்கள் ஓவியச் சேகரிப்பைக் கூட அரசுக்குத் தர முன்வந்தார்கள். 1934ல் தொடங்கிய நிறுவனத்துக்கு இந்த நிலை. வள்ளுவரையும் இந்த வழியிலா அனுப்பப் போகிறோம்?

கரோல்பாக் ஆடிட்டர்:
நூறு வருஷத்துக்கு ஒரு முறை வரும் தொற்றுநோயைக் காட்டி ஒரு வருமான முறையையே தப்பு என்று சொல்ல முடியாது. மானியம் பத்திரம் என்று நினைத்தால், ஜெர்மனியைப் பாருங்கள். மாக்ஸ்முல்லர் பவனை நடத்தும் கோதே நிறுவனத்துக்குப் பெரும்பங்கு பணம் அவர்கள் வெளியுறவு அமைச்சகம்தான் தருகிறது. 2023 செப்டம்பரில் ஒன்பது மையங்களை மூடுவதாக அறிவித்தார்கள். துரின், ஜெனோவா, ஒசாகா, வாஷிங்டன் எல்லாம் அந்தப் பட்டியலில். பணக்கார அரசாங்கமே கையை விரித்தது.

ஆர்கேபுரம் பழசு:
இரண்டு பேரும் அரசாங்கத்தையே சுற்றுகிறீர்கள். பிரெஞ்சு மொழி சொல்லித்தரும் அலியான்ஸ் பிரான்செஸ் 1883ல் பாரிசில் ஆரம்பித்தது. ஆனால் ஒவ்வொரு ஊரிலும் அது உள்ளூர்ச் சங்கமாகப் பதிவாகி, உள்ளூர் கமிட்டியோடு, பெரும்பாலும் தன் வகுப்புக் கட்டணத்தில் நடக்கிறது. பாரிஸ் தும்மினால் லோதி எஸ்டேட்டில் இருக்கும் டெல்லி அலியான்சுக்குக் காய்ச்சல் வராது. சிங்கப்பூரிலும் யாழ்ப்பாணத்திலும் அந்தந்த ஊர்த் தமிழர் கையில் கொடுங்கள். டெல்லியில் தமிழ்ப் பள்ளிகளை இத்தனை வருஷம் நடத்திய நமக்கு இது புதுசா?

முனிர்கா வாசகி:
ஐயா, டெல்லியில் அரசு உதவி பெறும் பள்ளி என்றால் செலவில் 95 சதவீதம் அரசு தருகிறது, 5 சதவீதம்தான் நிர்வாகத்தின் பங்கு. தமிழ்ப் பள்ளிகளை நடத்தும் சங்கத்தின் உழைப்பைக் குறைத்துச் சொல்லவில்லை, ஆனால் அது தன்காலில் நிற்பதற்கு உதாரணம் ஆகாது.

இன்னொன்று. கட்டணத்தில் ஓடும் இடத்தில் கட்டணம் வராத வேலை எல்லாம் மெல்ல ஓரத்துக்குப் போய்விடும். வகுப்புக்கு அறை வேண்டும் என்றால் எந்த அறை காலியாகும்? புத்தகம் இருக்கும் அறைதான்.

மயூர்விஹார் ஆய்வாளன்:
மேடம் சொல்வதோடு ஒரு உதாரணம் சேர்க்கிறேன். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், 1955ல் தொடங்கியது. அங்கே 8,000க்கும் மேற்பட்ட ஓலைச்சுவடிக் கட்டுகள் இருக்கின்றன. புதுச்சேரியின் சைவச் சுவடிகளை யுனெஸ்கோ 2005ல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. பிரெஞ்சு வெளியுறவு அமைச்சகமும் அவர்களுடைய தேசிய அறிவியல் ஆய்வு மையமும்தான் அந்த நிறுவனத்தைத் தாங்குகின்றன. சுவடிக்கு எண்ணெய் பூசுவதற்கு யார் கட்டணம் கட்டுவார்கள்? ஆகமத்தை எழுத்தெண்ணிப் பதிப்பிக்க எந்த மாணவன் ஃபீஸ் கட்டுவான்?

வகுப்பு கட்டணத்தில் ஓடட்டும். ஆய்வுக்கும் நூலகத்துக்கும் தனியாக மூலநிதி வேண்டும். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேராசிரியர் இருக்கைக்கு அப்படித்தான் செய்தார்கள். 60 லட்சம் டாலர் திரட்டினார்கள். அதில் தமிழ்நாடு அரசு 2017ல் 10 கோடி ரூபாய் கொடுத்தது. மூலதனத்தில் கை வைக்காமல், அதிலிருந்து வரும் வருவாயில் பேராசிரியர் சம்பளம் போகும்.

கரோல்பாக் ஆடிட்டர்:
தம்பி, அதே கணக்கை நான் போடுகிறேன். 60 லட்சம் டாலரில் ஆண்டுக்கு 5 சதவீதம் எடுத்தால் 3 லட்சம் டாலர். ஒரு பேராசிரியர், கொஞ்சம் மாணவர் உதவி, முடிந்தது. ஒரு மையத்தில் நூலகர், சுவடிக் காப்பாளர், இரண்டு ஆய்வாளர் என்று வைத்தால் மூலநிதி எத்தனை மடங்கு ஆகும் என்று நீங்களே சொல்லுங்கள்.

சரி, திரட்டுவோம், டெல்லியில் ஒரு அறக்கட்டளை வைப்போம் என்றால் எஃப்சிஆர்ஏ, அதாவது வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் வரும். இந்திய பாஸ்போர்ட் வைத்திருக்கும் துபாய்க்காரர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாகத் தந்தால் பிரச்சினை இல்லை. அமெரிக்கக் குடியுரிமை வாங்கிய அவர் தம்பி தந்தால் அது வெளிநாட்டு நன்கொடை. 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணம் நாடாளுமன்றச் சாலை ஸ்டேட் பேங்க் மெயின் பிராஞ்ச் கணக்கில்தான் வந்து இறங்க வேண்டும். அதில் நிர்வாகச் செலவுக்கு 20 சதவீதத்துக்கு மேல் கூடாது. முன்பு 50 இருந்தது. இது போக, வரி விலக்கு வேண்டுமென்றால் வருமானத்தில் 85 சதவீதத்தை அறப்பணிக்குச் செலவழித்துக் காட்ட வேண்டும். மிச்சம் பிடித்து நிதியைப் பெருக்க நினைப்பவர்களுக்கு இது சுலபமான ஊர் இல்லை.

ஆர்கேபுரம் பழசு:
அதனால்தான் அந்தந்த நாட்டில் பதிவு செய்யச் சொன்னேன். யாரும் காதில் வாங்கவில்லை.

முனிர்கா வாசகி:
ஆடிட்டர் சார், சட்டச் சிக்கல் இருக்கிறது என்பதற்காகச் சுவடியைப் பரத வகுப்புக் கட்டணத்தில் தொங்கவிட முடியாது. குறைந்தபட்சம் ஒன்று செய்யலாம். ஆண்டறிக்கையில் வகுப்புக்கும் தேர்வுக்கும் ஒரு பத்தி, நூலகத்துக்கும் ஆய்வுக்கும் ஒரு பத்தி. வரவு எது, செலவு எது, எந்தப் பணம் எங்கே போனது என்று தனித்தனியாகப் போடட்டும்.

கரோல்பாக் ஆடிட்டர்:
போடலாம். ஆனால் வாடகை, செக்யூரிட்டி, இயக்குநர் சம்பளம் இதையெல்லாம் எப்படிப் பிரிப்பீர்கள்? வருமான விகிதத்தில் பிரித்தால் நூலகத்தின் நஷ்டம் சின்னதாகத் தெரியும். சதுர அடிக் கணக்கில் பிரித்தால் அதே நூலகம் படு நஷ்டம். கமிட்டியில் நாலு பேர் அந்தத் தாளைப் பார்த்ததும் மூடச் சொல்வார்கள். அனுபவத்தில் சொல்கிறேன்.

முனிர்கா வாசகி:
சதுர அடியிலேயே பிரியுங்கள் சார். நஷ்டம் முழுசாகத் தெரியட்டும். அந்தத் தொகை தெரிந்தால்தானே, ஆய்வாளர் தம்பி கேட்கும் மூலநிதி எவ்வளவு என்றே சொல்ல முடியும்.