ஆடிக் கொடைக்கு சாமியாடணும்னு நிக்கான் தம்பி, ஸ்கிசோஃப்ரினியா இருக்கு, விடலாமா?

நாங்குநேரிக்காரி:
எல்லாருக்கும் வணக்கம். தம்பிக்கு காலேஜ் படிக்கும்போது ஸ்கிசோஃப்ரினியா வந்துச்சு, மனச்சிதைவு நோய்ம்பாவ, யாரோ பேசுத மாதிரி குரல் கேக்கும், இப்ப அதுக்கு ஓலான்சபின் மாத்திரை ராத்திரி போடுதான், ஓரளவு நல்லா இருக்கான், வாழைக்காய் மண்டியில கணக்கு எழுதப் போறான். ஆடியில எங்க சுடலைமாடசாமிக்குக் கொடைத் திருவிழா. எங்க தாத்தாதான் கோமரத்தாடி, சாமி வந்து ஆடுதவிய, அவிய போன பெறவு அந்த இடம் சும்மாவே கிடக்கு. இப்ப பெரியப்பா வீட்ல எல்லாரும் "அவனுக்கு கேக்குதது நோய் இல்லட்டி, மாடன் கூப்பிடுதான், நீங்கதான் மாத்திரையக் குடுத்து அடக்கி வச்சிருக்கிய"ன்னு சொல்லுதாவ. கால்நாட்டுன அன்னையிலேருந்து விரதமாம், மாத்திரை உள்ள போவக்கூடாதாம். அவனும் கச்சை கட்டி சாமியாடணும்னு ஆசையா நிக்கான், கோயிலுக்கே வராதன்னு சொன்னா மூஞ்சி செத்துப் போவுது. எனக்கும் சாமி நம்பிக்கை உண்டு, அதனால எல்லாம் மூடநம்பிக்கைன்னு மட்டும் யாரும் எழுதாதிய. விரதத்துல மாத்திரை போடலாமா, நடுராத்திரி நடக்குத சாமக்கொடைக்கு விடலாமா, இதுதான் கேள்வி.

வார்டு அக்கா:
மனநல வார்டுல நர்ஸா இருக்கேன்மா. முதல்ல மாத்திரை. ஓலான்சபின் சாப்பாட்டோடயும் போடலாம், வெறும் வயித்துலயும் போடலாம், விரதத்துக்கு அது குறுக்க வராது. டக்குனு நிறுத்தினா தூக்கம் போகும், குமட்டும், வேர்க்கும். ஆனா இதுல பெரிய வம்பு என்னன்னா, நிறுத்தின மறுநாளே சத்தம் திரும்ப வராது, பலருக்கு வாரக்கணக்குல மாசக்கணக்குல ஆகும், கொடை அன்னைக்கு ஆளு நல்லா இருப்பான், பாத்தியா மாத்திரை இல்லாமலே நல்லாருக்கான்னு சொந்தக்காரங்க சொல்லுவாங்க, பெறவு ஐப்பசியில நோய் திரும்பும்போது அது "கொடையில ஏதோ குத்தம் வந்துட்டு"ன்னு ஆயிரும். அந்தக் கணக்கை மாத்திரைல கொண்டுபோய் யாரும் சேக்க மாட்டாங்க.

ரெண்டாவது தூக்கம். சாமியை அழைக்கிற குடியழைப்பு, சாமக்கொடைன்னு அடுத்தடுத்து ராத்திரி முழிச்சா நோய் கிளம்ப அதுவே போதும். சாமிக்குப் படைக்கிற சாராயம் சுருட்டும் கவனம், புகை ஓலான்சபின் வேலையக் குறைக்கும், இது நிறைய பேருக்குத் தெரியாது.

கோயிலே வேண்டாம்னு நான் சொல்லல. 2002ல பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல ஒரு ஆய்வு வந்துச்சு, தென்னிந்தியாவுல ஒரு கோயில்ல தங்கியிருந்த 31 பேர், பாதிக்கு மேல ஸ்கிசோஃப்ரினியா வகைதான், நோயோட அளவு கிட்டத்தட்ட 20 சதவீதம் குறைஞ்சுது. ஒப்பிட்டுப் பாக்க வேற குரூப் இல்ல, சின்ன ஆய்வு, ஆனாலும் அடி உதை இல்லாம அனுசரணையா இருக்க ஒரு இடம் கிடைச்சதுக்கு அவ்வளவு பலன் இருந்துருக்கு. இன்னொரு பக்கம் ராமநாதபுரம் ஏர்வாடி. 2001 ஆகஸ்ட் 6, தனியார் காப்பகத்துல தீப்பிடிச்சு, சங்கிலியோட கிடந்தவங்க ஓட முடியாம 28 பேர் செத்தாங்க. 2017 மனநலச் சட்டம் சங்கிலி போடுறதையே தடை பண்ணியிருக்கு.

கடற்கரைப்பையன்:
அக்கா நான் உவரி பக்கம், எனக்கே இந்த நோய்தான். உங்க தம்பி ஏன் ஆசைப்படுதான்னு எனக்குப் புரியுது. கோட்டி, பைத்தியம்னு ஊரே சொன்ன பயலை ஊரே கும்பிடும்ல. அந்த ஆசையத் திட்டாதீங்க.

எனக்கு செத்துப்போன சித்தப்பா குரல் கேக்கும், பல்லு விளக்குனியா, மீனைக் கழுவுனியான்னு ஏசிக்கிட்டே இருக்கும். சென்னையில குரல் கேக்குறவங்கள்ட்ட பேசி 2014ல ஒரு ஆய்வு வந்துருக்கு, அங்கயும் நிறைய பேருக்கு சொந்தக்காரங்க குரல்ல வீட்டு வேலை ஏவுதாம், படிச்சதும் சிரிச்சிட்டேன். ஒரு ஜெபக்குழுவுல விசுவாசம் இருந்தா மாத்திரை எதுக்குன்னாங்க, அந்தப் பக்கமே இப்ப போறதில்ல. அந்தோணியார் கோயிலுக்கு செவ்வாய்க்கிழமை போவேன், அது விடமாட்டேன். ஜெபமாலை உருட்டும்போது நல்லா இருந்தா மணி விரல்ல தட்டும், மனசு அதுலயே நிக்கும். நோய் ஏறுனா நான் உருட்டுத மணிக்கு அடுத்த மணியில குரல் எனக்கு முந்தி அருள்நிறை ஜெபத்தைச் சொல்ல ஆரம்பிக்கும், எகத்தாளமா. அப்ப ஜெபத்தை நிறுத்திட்டு டாக்டருக்கு போன் போட்டுருவேன்.

மகுடச்சத்தம்:
தாயி, எங்களுக்கும் சுடலைதான், மூணு தலைமுறையா கொடை நடத்துதோம். சாமி மகுட மேளம் அடிக்கச்செல வரும், திருநீறு போட்டா இறங்கும், பெறவு ஆளு உக்காந்து தண்ணி கேப்பாரு. மண்டியில கணக்கு எழுதும்போதும் படுக்கும்போதும் விடாம பேசுனா அது மாடன் இல்ல. பெரியப்பா சொல்லிட்டா ஒருத்தன் கோமரத்தாடி ஆயிர முடியாது, ஆடி வந்து சாமிட்ட வாக்கு கேட்டு ஊரு ஒத்துக்கிடணும், அவசரம் என்ன, காலியா கிடந்தது இன்னும் கொஞ்சம் கிடக்கட்டும். எங்க கோமரத்தாடி சுகர் மாத்திரை போட்டுட்டுத்தான் சாமி ஈட்டியான வல்லயத்தைத் தூக்குதாரு, மாடன் ஒண்ணும் கோவிக்கல.

தம்பிக்கு கொடை வரி பிரிக்குத நோட்டைக் குடுங்க. அது சின்ன வேலை இல்ல, துட்டு கையில இருக்கவனுக்கு கொடையில தனி மரியாதை. மதியக்கொடை பாக்கட்டும், சாமத்துக்கு வீட்ல தூங்கட்டும்.

நாங்குநேரிக்காரி:
சுகர் மாத்திரை கதையை பெரியப்பாட்ட சொன்னேன், அவியளே பிரஷர் மாத்திரை போடுதவியதான், பதிலே இல்ல. வரி நோட்டுக்கு தம்பி சரின்னுட்டான், ஆனா சாமி வந்தவிய வேட்டைக்குப் போறதை மட்டுமாவது பாக்கணுங்கான், அது ராத்திரி பன்னெண்டுக்கு மேல. இன்னும் முடிவாகல. டாக்டர்ட்ட என்ன கேக்கணும்?

வார்டு அக்கா:
கொடைத் தேதியச் சொல்லி ஒரு ராத்திரி லேட்டானா மாத்திரை எத்தனை மணிக்குப் போடணும்னு கேளு, அவனையும் கூட்டிட்டுப் போ, அவனே கேக்கட்டும். அதுவரைக்கும் தூக்கம் குறையுதா, தனியா சிரிக்கானா, ராத்திரி யாருக்கும் சொல்லாம கோயிலுக்குப் போறானான்னு பாத்துக்கோ. இதுல ஏதாவது கண்டா கொடை முடியட்டும்னு இருக்காத, அன்னைக்கே கூட்டிட்டுப் போ. நேரங்கெட்ட நேரம்னா 14416, டெலிமானஸ், காசு கிடையாது, தமிழ்லயே பேசலாம்.